ஒரு புகாரிலிருந்து வந்த கேஸ்

எங்கள் வீட்டுக்கு கேஸ் அடுப்பு வந்தது 1981-ல். பெயரைப் பதிந்துவிட்டு நான்கு வருடம் காத்திருந்தோம். அதுவரை விறகு, மரத்தூள் அடுப்பு, மண்ணெண்ணெய் ஸ்டவ். சிலிண்டர் வந்த அன்று அம்மா அதற்குக் குங்குமம் வைத்தார். ஆனால் பற்றவைக்க ஒரு வாரம் அவருக்குத் துணிவு வரவில்லை. உங்களில் பலர் வீட்டிலும் இதே கதைதான் நடந்திருக்கும்.

அந்தச் சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற வாயுக்களின் கலவை. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவை ‘ப்ரொப்பான்’, ‘புத்தான்’. வாத்தியார் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்தார், கதையைச் சொல்லவில்லை. ஓய்வு பெற்ற பிறகுதான் படித்தேன். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது கொஞ்சம் சுட்டது.

1910-ல் அமெரிக்காவில், ஃபோர்டு கார் வைத்திருந்த ஒருவர், வாங்கிய பெட்ரோல் வீடு வந்து சேர்வதற்குள் பாதியாகிவிடுகிறது, அரசாங்கம் விசாரிக்க வேண்டும் என்று புகார் செய்தாராம். அது பிட்ஸ்பர்க்கில், சுரங்கத் துறையின் வேதியியல் நிபுணர் வால்ட்டர் ஸ்னெல்லிங்கிடம் வந்தது. அவர் அந்தக் காரிலிருந்தே ஒரு கண்ணாடி ஜாடியில் பெட்ரோல் பிடித்துக்கொண்டு ஆய்வுக்கூடத்துக்குக் கிளம்பினார். வழியில் ஜாடியின் தக்கை திரும்பத் திரும்பத் தெறித்து விழுந்தது. பெட்ரோலில் கரைந்திருந்த வாயுக்கள் வெளியேறிக்கொண்டிருந்தன. ஆக, புகார் உண்மை, கடைக்காரர்மேலும் தப்பில்லை.

ஸ்னெல்லிங் அத்தோடு விடவில்லை. பழைய வெந்நீர்க் கொதிகலனின் சுருள் குழாயையும் கையில் கிடைத்த மற்ற சாமான்களையும் வைத்து அந்த வாயுக்களைப் பிரித்தெடுத்தார். அவற்றில் ஒன்று புரொப்பேன். அழுத்தினால் திரவமாகும், திறந்துவிட்டால் வாயுவாகும். ஆகவே இரும்புக் குப்பியில் அடைத்து வீட்டுக்கு வீடு கொண்டுபோகலாம். 1913-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இன்று இந்த வாயு இரண்டு வழியில் கிடைக்கிறது. பூமியிலிருந்து வரும் இயற்கை எரிவாயுவிலிருந்து பிரிப்பது ஒன்று, கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும்போது எடுப்பது மற்றொன்று. நம் நாட்டில் 1965-ல் கல்கத்தாவில் இண்டேன் வந்தது. இப்போது நமக்குத் தேவையானதில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது, பெரும்பாலும் வளைகுடா நாடுகளிலிருந்து. கேஸுக்குச் சொந்தமாக வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றுதான் அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். காற்றைவிடக் கனமானதால் தரையோடு தங்கும். நாற்றம் வந்தால் ஸ்விட்சைத் தொடாமல் கதவு ஜன்னலைத் திறங்கள் என்பது அதனால்தான்.

சுட்டது என்றேனே, அது இதுதான். எழுபதுகளின் கடைசியில், ஒரு அலுவலகத்தில் புகார் மனுக்கள் என் மேஜைக்கு வரும். ஒருநாள் வயதான அம்மாள் ஒருவரின் மனு. ரேஷன் கடையில் ஊற்றும் மண்ணெண்ணெய் வீட்டில் அளந்தால் குறைகிறது என்று யாரையோ வைத்து எழுதியிருந்தார். ‘ஆதாரம் இணைக்கப்படவில்லை, முடிக்கலாம்’ என்று குறிப்பு எழுதி மேலே அனுப்பினேன். கையெழுத்தாகி வந்தது. கோப்பைக் கட்டி வைத்தேன்.

பிரெஞ்சில் புகாரை ‘ரெக்லமாசியோன்’ என்போம். தனக்குச் சேரவேண்டியதைக் கேட்பது என்ற பொருளும் அதில் உண்டு. அந்தக் கடை எங்கள் அலுவலகத்திலிருந்து பத்து நிமிட நடை. ஒரு லிட்டர் படியை எடுத்துக்கொண்டு ஒருநாள் மாலை நான் போய்ப் பார்த்திருக்கலாம்.