மேடையும் காவலர் குறிப்பேடும்

ஆட்சிமுறை, குடிமக்களின் உரிமை, சாதி ஏற்றத்தாழ்வு ஆகியவற்றைக் கடற்கரையிலும் தெருமுனையிலும் கூடிய மக்களுக்கு எடுத்துரைக்கும் பொதுச் சொற்பொழிவு தொன்றுதொட்டு வரும் தமிழ் வழக்கம் என்று மேடைகளிலேயே அடிக்கடி சொல்லப்படுவதுண்டு. ஆனால் வரலாற்றுச் சான்றுகள் அந்தப் பெருமிதத்துக்கு இடம் தருவதில்லை. கோயில் மண்டபத்தில் புராணம் படித்தவர் ஏட்டைப் பார்த்து வாசித்துப் பொருள் சொன்னார். இசையும் கதையும் கலந்த கதாகாலட்சேபத்தில் பாகவதர் பழைய கதையைப் புதிதாகப் பாடினார். இரண்டிலும் நூலே தலைமை வகித்தது. பேசுபவர் தம் சொந்தக் கருத்தைத் தம் பெயரால் முன்வைத்து, கேட்போர் அதன்மேல் ஒரு முடிவுக்கு வர வேண்டும் என்று எதிர்பார்க்கும் முறை, 19-ஆம் நூற்றாண்டில் கிறித்தவப் பாதிரிமாரின் பிரசங்கத்தோடு இங்கு வேரூன்றி, அடுத்த எண்பது ஆண்டுகளில் அடையாளம் தெரியாத அளவுக்கு மாறிய ஒன்றாகும்.

அம்மாற்றத்தின் முதற்படி யாழ்ப்பாணத்தில் நிகழ்ந்தது. வெஸ்லியன் சபைப் பாதிரியாரான பீட்டர் பெர்சிவலுக்கு விவிலிய மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், பாதிரிமார் மக்களைத் தம்பக்கம் ஈர்த்த முறையை அருகிலிருந்து கற்று, அதே முறையைச் சைவத்தின் தற்காப்புக்குத் திருப்பினார். 1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் நிகழ்த்திய பிரசங்கம் இவ்வரிசையில் முதலாவதாகக் கொள்ளப்படுகிறது. வாரந்தோறும் குறித்த நாளில் கூடுவது, ஒரு பொருளை எடுத்துக்கொண்டு உரைநடையில் விளக்குவது, கேட்போரின் நடத்தையைத் திருத்த முற்படுவது ஆகிய கூறுகள் தேவாலயத்துக்கு உரியவை. பொருள் மட்டுமே சைவத்துக்கு உரியது. சாதி ஒழுங்கை நாவலர் கேள்விக்கு உட்படுத்தவில்லை. ஆகவே வடிவம் புதிதாயினும், சமூக சமத்துவம் குறித்து அந்த மேடை பேசியது ஏதுமில்லை.

சென்னையில் அரசியல் பேசியவர்களோ நாவலரின் வழியைத் தொடரவில்லை. 1852-இல் தோன்றிய சென்னைச் சுதேசிகள் சங்கம் முதல் 1884-இல் அமைந்த சென்னை மகாஜன சபை வரை, வழக்கறிஞர்களும் வணிகர்களும் பத்திரிகையாசிரியர்களும் கூடிப் பேசிய மொழி பெரும்பாலும் ஆங்கிலம்; கூடிய இடங்கள் பச்சையப்பன் மண்டபமும் பின்னர் விக்டோரியா பொது மண்டபமும். 1887-இல் காங்கிரஸ் மாநாடு சென்னையில் கூடியபோது, பிரதிநிதித்துவ ஆட்சி என்பது யாது என்பதைச் சாதாரண மக்களுக்கு விளக்க மு. வீரராகவாச்சாரியார் தமிழில் ஒரு காங்கிரஸ் வினாவிடையை எழுதினார். கிறித்தவ வேதபாடத்துக்கும் நாவலரின் சைவ வினாவிடைக்கும் உரிய கேள்வி-பதில் வடிவமே சனநாயகப் பாடத்துக்கும் பயன்பட்டது. ஆயினும் தமிழ் துண்டு நூலில் நின்றுவிட்டது, மேடையேறவில்லை.

மண்டபத்துக்குள் மொழி மட்டும்தான் தடையாக இருந்தது என்று கருதுவது பிழை. 1892-இல் விக்டோரியா மண்டபத்தில் மகாஜன சபை கூடியபோது, நீலகிரியின் சார்பில் வந்திருந்த அயோத்திதாசப் பண்டிதர், தாழ்த்தப்பட்டோருக்கு ஆலய நுழைவு வேண்டும் என்று கேட்டு அவையோரின் எதிர்ப்பைச் சந்தித்தார். குழந்தைகளுக்கு இலவசப் பள்ளி, தரிசு நிலம் ஆகிய கோரிக்கைகளுக்கே அங்குச் செவிசாய்ப்பு கிடைத்தது. நாட்டின் உரிமைக்காகப் பேசிய அவை, தன்னுள்ளேயே எழுந்த சம உரிமைக் கோரிக்கையைக் கேட்டவுடன் முகம் சுளித்தது. மறு ஆண்டு டிசம்பரில் இரட்டைமலை சீனிவாசனின் முயற்சியால் ராயப்பேட்டை வெஸ்லியன் கல்லூரி மண்டபத்தில் பறையர் மகாஜன சபை தனியே கூடி, இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்ற காங்கிரஸ் கோரிக்கையை எதிர்த்தது. அதிகாரம் வெள்ளையரிடமிருந்து உயர்சாதியினர் கைக்குப் போனால் தங்கள் பாதுகாப்பு என்னவாகும் என்பதே அக்கூட்டத்தின் கேள்வி. தேசிய இயக்க வரலாறுகள் இந்தக் கூட்டத்தை அடிக்குறிப்பில் தள்ளிவிட்டுப் போவதற்கு நியாயமில்லை. சனநாயகமும் பாதுகாப்பும் ஏற்றத்தாழ்வும் ஒரே கேள்வியாக முடிச்சிடப்பட்ட முதல் மேடைகளுள் அதுவும் ஒன்று.

சுதேசி இயக்கம் சொற்பொழிவை மண்டபத்திலிருந்து மணலுக்குக் கொண்டுவந்தது. 1907 மே மாதம் வங்கத்து விபின் சந்திர பாலர் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் ஆற்றிய தொடர் உரைகளைக் கேட்கப் பெருங்கூட்டம் திரண்டது. அவர் பேசியது ஆங்கிலத்தில்தான். ஆனால் அதே கடற்கரையில் சுதேசமித்திரன் ஆசிரியர் ஜி. சுப்பிரமணிய ஐயர் தமிழில் பேசத் தொடங்கியிருந்தார். அரசும் வாளாவிருக்கவில்லை. அவ்வாண்டு அவசர ஆணையாக வந்து நவம்பரில் சட்டமாகிய அரசத்துரோகக் கூட்டங்கள் தடுப்புச் சட்டம், அரசு அறிவிக்கும் பகுதிகளில் முன்னறிவிப்பின்றி அரசியல் கூட்டம் நடத்துவதைக் குற்றமாக்கியது. 20 பேருக்கு மேல் கூடினால், மறுத்து மெய்ப்பிக்கப்படும்வரை அது பொதுக்கூட்டம் என்றே கொள்ளப்படும் என்றும் வரையறுத்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் கூடும் சுற்றத்தாரும் இந்த எண்ணிக்கையைத் தாண்டிவிடக் கூடும் என்பதைச் சட்டமியற்றியோர் பொருட்படுத்தவில்லை.

தமிழ்ச் சொற்பொழிவின் ஆற்றல் முழுமையாக வெளிப்பட்டது தூத்துக்குடியில். 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவிய வழக்கறிஞர் வ.உ. சிதம்பரம் பிள்ளையோடு, 1908 பிப்ரவரியில் அவ்வூருக்கு வந்த சுப்பிரமணிய சிவா சேர்ந்துகொள்ள, மாலைதோறும் கூட்டங்கள் நடந்தன. ஒலிபெருக்கி இல்லாத காலம் அது. ஆயிரக்கணக்கானோருக்குக் கேட்க வேண்டுமாயின் குரலை உயர்த்தி, சொற்றொடரைச் சிறிதாக நறுக்கி, சொன்னதையே வேறு சொல்லில் மீண்டும் சொல்ல வேண்டியிருந்தது. பிற்காலத்தில் மேடைத் தமிழின் அலங்காரம் என்று எண்ணப்பட்ட அடுக்குமொழிக்கு இந்த எளிய தேவையும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். பிப்ரவரி இறுதியில் ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர் கூலி உயர்வும் வேலை நேரக் குறைப்பும் கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, அக்கூட்டங்கள் தன்னாட்சி பற்றிய விளக்கமாகவும் கூலி பற்றிய கணக்காகவும் ஒருங்கே அமைந்தன. சில நாள்களில் ஆலை நிர்வாகம் இறங்கிவந்தது. தொழிலாளரை எதிர்த்த ஒரு வழக்கறிஞருக்குச் சவரம் செய்ய நாவிதர் மறுத்த செய்தி பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அதை வேடிக்கைச் செய்தியாகச் சொல்லிவிட்டுப் போவதே வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் பிறர் ஏவலுக்குக் கட்டுப்பட்டிருந்த ஒரு தொழிலினர், தம் உழைப்பைத் தாமே நிறுத்திவைக்கலாம் என்று கண்டுகொண்ட நிகழ்ச்சியாக அதைப் படிப்பதே பொருந்தும்.

மார்ச் 12-ஆம் நாள் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கலகம் மூண்டு, அரசுக் கட்டடங்கள் எரிக்கப்பட்டு, காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் இறந்தனர். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124அ பிரிவு, அதாவது அரசின்மீது வெறுப்பையோ அவமதிப்பையோ தூண்டும் பேச்சையும் எழுத்தையும் அரசத்துரோகமாகக் கருதும் பிரிவு, அவர்கள்மீது ஏவப்பட்டது. ஜூலை 7-இல் நீதிபதி பின்ஹே சிவாவுக்கு 10 ஆண்டும், வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனையும் விதித்தார்: ஒன்று அவர் பேசியதற்கு, மற்றொன்று சிவாவைப் பேசவைத்ததற்கு. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்து, 1912-இன் இறுதியில் இருவரும் விடுதலையாயினர்.

இவ்வழக்கில் அரசுத்தரப்பின் முதன்மைச் சான்றாக நின்றவை, கூட்டத்தின் நடுவே அமர்ந்து காவலர்கள் எடுத்த குறிப்புகள். வேகமாகப் பாயும் தமிழ்ப் பேச்சைக் கேட்டு, எட்டியவரை எழுதிக்கொண்டு, பின்னர் நினைவைக் கொண்டு நிரப்பி, ஆங்கிலத்தில் பெயர்த்து நீதிமன்றத்தில் வைத்தனர். பேசியவர் சொன்னதற்கும் நீதிபதி படித்ததற்கும் இடையே இத்தனை கைகள் குறுக்கிட்டன. எனினும் வரலாற்றாசிரியர் அந்தக் குறிப்பேட்டுக்குக் கடன்பட்டிருப்பதையும் மறைக்க இயலாது. தம் உரைகளை அச்சிட்டு வைக்கும் வசதி பேச்சாளர் பலருக்கு வாய்க்கவில்லை. சென்னை மாகாணத்தில் 1906-இல் அமைந்த குற்றப் புலனாய்வுத் துறை, அரசின் பாதுகாப்பு என்ற பெயரில் எழுதிக் குவித்த அறிக்கைகளிலேயே அக்காலப் பேச்சுகளில் பெரும்பகுதி எஞ்சியுள்ளது. அடக்க வந்தவரே ஆவணக் காப்பாளராகவும் ஆனார்.

அடுத்த திருப்பம் பெரம்பூரில் நேர்ந்தது. பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளை ஒட்டிய பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்னும் பக்திச் சபை இயங்கிவந்தது. ஆலையில் உழைத்துக் களைத்தவர்கள் அங்குச் சமயச் சொற்பொழிவு கேட்க வருவதும், வந்த இடத்தில் தங்கள் குறைகளைச் சொல்வதும் வழக்கமாயின. சபையை நடத்திய செல்வபதி செட்டியாரும் ராமாநுஜலு நாயுடுவும் அக்குறைகளுக்குக் காதுகொடுத்து, 1918 மார்ச்சில் தேசபக்தன் ஆசிரியர் திரு.வி. கலியாணசுந்தரனாரைத் தொழிலாளரிடையே பேச அழைத்தனர். பிரம்மஞான சபையைச் சேர்ந்த பார்சியரான பி.பி. வாடியாவும் விரைவில் வந்து சேர, ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவாயிற்று.

வாடியாவுக்குத் தமிழ் தெரியாது. அவர் ஆங்கிலத்தில் சொன்னதைத் திரு.வி.க. தமிழாக்கிச் சொன்னார், கேட்ட தொழிலாளருக்கு அது திரு.வி.க.வின் பேச்சாகவே போய்ச்சேர்ந்தது. பாரதம் விடுதலை பெறுவது குறித்த பெரும் உரைகளுக்கு இடையே, சங்கம் முதலில் கேட்டது நண்பகல் உணவு இடைவேளையை 30 நிமிடத்திலிருந்து 40 நிமிடமாக நீட்டுவதைத்தான். ஆலை வாயிலைத் தாண்டிச் சென்று, கை கழுவி, உண்டு, மணியடிப்பதற்குள் திரும்பிவிட அரை மணி போதாது என்ற வாதத்தை மறுக்க யாராலும் முடியவில்லை. பத்து நிமிடக் கோரிக்கையில் குடியுரிமையைப் புகுத்திய இத்திறமை, 1913-இல் அன்னி பெசன்ட் சென்னையில் சமூகச் சீர்திருத்தம் குறித்து ஆங்கிலத்தில் ஆற்றிய புகழ்பெற்ற உரைகளிலும் காணப்படாத ஒன்று.

ஆயினும் மேடை கட்டிய ஒற்றுமை நெடுநாள் நிலைக்கவில்லை. 1921-இல் நிகழ்ந்த நீண்ட வேலைநிறுத்தத்தின்போது ஆதிதிராவிடத் தொழிலாளரில் பெரும்பாலோர் வேலைக்குத் திரும்பினர். அவர்களுக்கும் பிற சாதி இந்து, முஸ்லிம் தொழிலாளருக்கும் இடையே புளியந்தோப்பில் தீவைப்பும் கொலையும் நிகழ, காவலர் சுட்டனர். ஆலைக்குள் ஒரே எந்திரத்தருகே நின்றவர்கள் வெளியே ஒரே கிணற்றில் நீரெடுக்க இயலாதிருந்த நிலையில், தொழிலாளர் என்ற ஒற்றைப் பெயரால் அவர்களை அழைத்த பேச்சாளர்கள் அந்தப் பிளவின் ஆழத்தை அளந்தறியத் தவறினர் என்றே சொல்ல வேண்டும். பொதுச் சாலைகளும் கிணறுகளும் தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்று மாகாண அரசு ஆணை வெளியிட 1924 ஆயிற்று.

சாதியைப் பேச்சின் ஓரத்திலிருந்து நடுவுக்கு நகர்த்தியது, 1925-இல் குடி அரசு இதழோடு உருக்கொண்ட சுயமரியாதை இயக்கம். அதன் கூட்டங்களைப் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளதால் இங்கு விரிவு வேண்டியதில்லை. அவ்வியக்கத்தின் தனித்த கண்டுபிடிப்பு, திருமணத்தைச் சொற்பொழிவுக் கூட்டமாக்கியது. 1928 மே 28-இல் அருப்புக்கோட்டையை அடுத்த சுக்கிலநத்தத்தில் பெரியார் ஈ.வெ.ரா. தலைமையில் நடந்த திருமணம் இவ்வகையில் முதலாவதாகக் குறிப்பிடப்படுகிறது. புரோகிதர் அமரும் இடத்தில் தலைவர் அமர்ந்தார். மந்திரம் ஓதும் நேரத்தைச் சொற்பொழிவு எடுத்துக்கொண்டது. மணமக்கள் உறுதிமொழி கூறி மாலை மாற்றிக்கொள்ள, பெண்ணின் சொத்துரிமை, கைம்பெண் மறுமணம், சாதி ஒழிப்பு ஆகியவை வந்திருந்தோருக்கு விளக்கப்பட்டன. கடற்கரைக் கூட்டத்துக்கு ஒருநாளும் வந்திராத பாட்டிமாரும் கைக்குழந்தை ஏந்திய பெண்களும், சாப்பாட்டுக்கு முன் எழுந்துபோக வழியின்றி, அவற்றைக் கேட்டனர். மூவலூர் ராமாமிர்தம், குஞ்சிதம், நீலாவதி போன்ற பெண்கள் இயக்க மேடைகளில் பேச்சாளராக விளங்கியது, கேட்கும் பெண்களின் கண்ணுக்கு உரையைவிடப் பெரிய செய்தியாக இருந்திருக்கும். கூட்டத்துக்குத் தடையாணை பிறப்பிப்பதுபோல் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்குப் பிறப்பிப்பது எளிதன்று என்பதும் இம்முறைக்குக் கிடைத்த நடைமுறை வசதி.

தடை வேறு திசையிலிருந்து வந்தது. சடங்கில்லாத இத்திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததால், இம்முறையில் மணந்தோரின் வாரிசுரிமை ஐயத்துக்கு உள்ளாயிற்று. பெரிதும் மேடைப்பேச்சின் வலிமையால் ஆட்சியைப் பிடித்த அண்ணாதுரையின் அரசு, 1967-ஆம் ஆண்டின் மாநிலத் திருத்தச் சட்டத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்து, உற்றார், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக அறிவித்து மாலையோ மோதிரமோ மாற்றிக்கொண்டாலும், தாலி கட்டினாலும் போதும் என்று வகுத்து, முன்பே நடந்த திருமணங்களையும் செல்லத்தக்கவை ஆக்கியது. புரோகிதர் தேவையில்லை என்று சொன்ன அச்சட்டம் சொற்பொழிவு தேவை என்று எங்கும் சொல்லவில்லை. இருப்பினும் இத்திருமணங்களின் அழைப்பிதழ்களில், மணமக்களின் பெயருக்கு இணையான பெரிய எழுத்தில், வாழ்த்துரை வழங்குவோரின் நீண்ட பட்டியல் இன்றும் அச்சாகி வருகிறது.