"பெட்டரி எங்க சேர்?"

கொஞ்சம் நீளமான பதிவு. நேரமிருக்கும்போது வாசியுங்கள்.

போன வாரம் தரம் 11 வகுப்பில் மின்னியல் பாடம். வீட்டிலிருந்து கொண்டுபோன கேஸ் லைட்டரை "டக்" என்று அழுத்தித் தீப்பொறியைக் காட்டினேன். பின் வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பினான்.

"சேர், இதுக்குள்ள பெட்டரி எங்க?"

"பெட்டரி இல்ல மகன். உள்ளுக்கு ஒரு சின்னக் கட்டி இருக்கு. அதுல அடி விழுந்தா மின் வரும்."

"அடிச்சா எப்படி சேர் மின் வரும்?"

மணி அடிக்க ஐந்து நிமிடம்தான் இருந்தது. பாடமும் முடியவில்லை. "அது சோதனைக்கு வராது, இரு" என்றேன். அவனும் இருந்துவிட்டான்.

வீட்டுக்கு வந்த பிறகும் அந்த "இரு" என்னை விடவில்லை. அந்தப் பிள்ளையின் வாப்பா சீனன்கோட்டையில் கல் வியாபாரம் செய்பவர். அவன் கேட்ட கேள்விக்கான பதிலோ நம் நாட்டுக் கல் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. அதைச் சொல்லாமலே அவனை இருத்திவிட்டேன். அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

1700களின் தொடக்கத்தில் ஒல்லாந்தர் இலங்கையிலிருந்து கொண்டுபோன கற்களில் ஒரு வகை அங்குள்ளவர்களை வியக்க வைத்தது. அதைச் சூடாக்கினால் அடுப்புச் சாம்பலைத் தன் பக்கம் இழுத்தது. அதனால் ஒல்லாந்தர் அதற்குச் "சாம்பல் இழுப்பான்" என்றே பெயர் வைத்தார்கள். நம் நாட்டுக் கல் வியாபாரிகள் பலவகைக் கற்களுக்குப் பொதுவாகச் சொல்லிவந்த "தோரமல்லி" என்ற சிங்களப் பெயர்தான் இந்தக் கல்லுக்கு ஐரோப்பாவில் "டூர்மலின்" என்று நிலைத்தது. 1747 இல் லின்னேயஸ், இலங்கைத் தாவரங்கள் பற்றிய தன் நூலில் இதை "மின் கல்" என்று குறிப்பிட்டார். 1756 இல் ஏப்பினஸ் என்ற ஜேர்மன் அறிஞர் பரிசோதித்துப் பார்த்து, சூடான கல்லின் ஒரு முனையில் நேர் ஏற்றமும் மறுமுனையில் மறை ஏற்றமும் இருப்பதைக் காட்டினார்.

அதன் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாகப் பலர் அந்தக் கல்லைச் சூடாக்கிப் பார்த்தார்கள். "அமுக்கினால் என்ன நடக்கும்?" என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை கிடைத்தது 1880 இல், பாரிஸ் நகரில். விடையைத் தந்தவர்கள் இரண்டு சகோதரர்கள். பியர் கியூரிக்கு அப்போது வயது 21. நானா ஜாக் அவரை விட மூன்று, நான்கு வயது மூத்தவர்.

அவர்கள் யோசித்த விதம் எளிமையானது. சூடாக்கும்போது பளிங்கு விரிகிறது, உருவம் சற்று மாறுகிறது. அப்படியானால் அமுக்கியும் அதன் உருவத்தை மாற்றலாமே! டூர்மலின், குவார்ட்ஸ், புஷ்பராகம், ஏன், கரும்புச் சீனிப் பளிங்கைக்கூட எடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஈயத்தாள் ஒட்டி அமுக்கிப் பார்த்தார்கள். மின்னேற்றம் வந்தது. இரண்டு மடங்கு அமுக்கினால் ஏற்றமும் இரண்டு மடங்கானது.

மகன், உன் கேள்விக்குப் பதில் இதுதான். இந்த வகைப் பளிங்குகளுக்குள் நேர் ஏற்றத் துகள்களும் மறை ஏற்றத் துகள்களும் ஒரு ஒழுங்கில் அடுக்கப்பட்டிருக்கின்றன. ஆனால் அந்த அடுக்கு இரு பக்கமும் ஒரே மாதிரியானது அல்ல. அமுக்கும்போது இரண்டும் ஒரே அளவில் நகராததால் ஒரு முகத்தில் நேர் ஏற்றமும் மறுமுகத்தில் மறை ஏற்றமும் தெரிய வருகின்றன. லைட்டருக்குள் இருப்பது மண்ணில் தோண்டிய கல் அல்ல, செய்து எடுத்த பீங்கான் போன்ற கட்டி. ஆனால் விதி அதே விதிதான். அங்கே பெட்டரியின் வேலையைச் செய்வது உன் கைவிரல்.

எவ்வளவு அமுக்கினோமோ அந்த அளவுக்கு ஏற்றம் வருகிறது என்றால், ஏற்றத்தை அளந்து அமுக்கத்தைச் சொல்லலாம். அமுக்க உணரிகள் பல இந்த ஒரு வரியிலிருந்து பிறந்தவைதான். முதலாம் உலகப் போர்க் காலத்தில் பியர் கியூரியின் மாணவரான லாஞ்செவின், குவார்ட்ஸ் தகடுகளைக் கொண்டு நீருக்கடியில் ஒலி அனுப்பி நீர்மூழ்கிகளைத் தேடும் முறையை உருவாக்கினார். இரண்டாம் உலகப் போரில் கடலுக்கடியில் வெடிக்கும் குண்டின் அமுக்கத்தை அளக்க டூர்மலினைப் பயன்படுத்தினார்கள். குவார்ட்ஸை எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அமுக்கினால் அது பேசாது. டூர்மலின் அப்போதும் பதில் சொல்லும். நீருக்குள் அமுக்கம் எல்லாப் பக்கமிருந்தும் வருவதால் அதற்கு ஏற்ற கல் இதுதான். 1950 இல் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த வால்ட்டர் கிஸ்லர், அந்தச் சிறிய ஏற்றத்தைப் பெருக்கிக் காட்டும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரங்களின் உள்ளே, எரியும் வாயுவின் அமுக்கத்தைக்கூடக் குவார்ட்ஸால் அளக்க அது வழி திறந்தது.

இனி இன்னொரு கல்லுக்கு வருவோம்: ரூபி. ரூபியும் நம் இரத்தினபுரி நீலக்கல்லும் ஒரே கனிமம், இரண்டுமே அலுமினியம் ஒட்சைட்டு. அதில் மிகச் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. அந்தக் குரோமியம் பச்சை, நீல ஒளியை உறிஞ்சி, சிவப்பு ஒளியாகத் திருப்பித் தரும்.

1950களின் இறுதியில் லேசரை முதலில் யார் செய்வது என்று பெரிய ஆய்வுகூடங்களுக்கிடையே போட்டி. ரூபி சரிவராது என்பதே பலரின் முடிவு. உறிஞ்சிய ஒளியில் நூற்றுக்கு ஒரு பங்களவே சிவப்பாகத் திரும்பி வருகிறது என்று ஏற்கெனவே ஓர் அளவீடு வெளிவந்திருந்தது. கலிபோர்னியாவின் ஹியூஸ் ஆய்வுகூடத்தில் இருந்த தியடோர் மேமன் அதை வாசித்தார். மீதி 99 பங்கு எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க அவரே அளந்தார். போன இடமே இல்லை! நூற்றுக்கு 70 இற்கும் மேல் சிவப்பாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது. பிழை கல்லில் இல்லை, பழைய கணக்கில்தான் இருந்தது.

1960 மே 16. விரலளவு கூட இல்லாத ஒரு ரூபித் துண்டு, முனைகளில் வெள்ளிப் பூச்சு, அதைச் சுற்றிச் சுருளாக ஒரு கமராப் பிளாஷ் விளக்கு. அந்த விளக்கு மின்னியதும் 694 நனோமீற்றர் அலைநீளத்தில் உலகின் முதல் லேசர் ஒளி பிறந்தது. அதை அறிவித்த கட்டுரையை அமெரிக்காவின் முன்னணிப் பௌதிகவியல் இதழொன்று திருப்பி அனுப்பியது. பிறகு அது ஓகஸ்ட் மாதம் "நேச்சர்" இதழில் வந்தது. அந்த ரூபி மண்ணில் தோண்டியது அல்ல, செயற்கையாக வளர்த்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். நம் கல்லைப் பற்றிப் பெருமை பேசும்போது உண்மையை மறைக்கக் கூடாது.

அதற்குப் பிறகு வந்தவை பல. 1964 இல் நியோடிமியம் கலந்த "யாக்" என்ற செயற்கைப் பளிங்கு லேசர் வந்தது. என் உம்மாவுக்குக் கட்டராக்ட் சத்திரசிகிச்சை முடிந்து சில காலத்தில் லென்ஸின் பின்னால் இருக்கும் சவ்வு மங்கியது. சில நிமிடங்களில் லேசரால் அதில் துளையிட்டு டொக்டர் பார்வையைத் திருப்பித் தந்தார். அது யாக் லேசர்தான். அன்று வராந்தாவில் காத்திருந்தபோது மேமனின் பெயர்கூட என் நினைவில் வரவில்லை.

அமுக்கமும் ரூபியும் ஒன்றாகச் சேர்ந்த கதையும் உண்டு. இரண்டு வைரங்களின் முனைகளுக்கு இடையில் ஒரு பொருளை வைத்து நெரித்தால் பூமியின் ஆழத்தில் உள்ள அமுக்கத்தை ஆய்வுகூடத்திலேயே உண்டாக்கலாம். ஆனால் அவ்வளவு சிறிய இடத்தில் அதை எப்படி அளப்பது? 1972 இல் அமெரிக்கத் தேசிய நியமங்கள் பணியகத்தைச் சேர்ந்தவர்கள், உள்ளே ஒரு ரூபித் துகளைப் போட்டு அதில் ஒளியைப் பாய்ச்சினார்கள். அமுக்கம் கூடக் கூட, மேமன் கண்ட அதே 694 நனோமீற்றர் சிவப்பு மெல்ல நகர்ந்தது. வளிமண்டல அமுக்கத்தைப் போல் 10,000 மடங்குக்குச் சுமார் 0.36 நனோமீற்றர். அந்த நகர்வை வாசித்தால் அமுக்கம் தெரிந்துவிடும். வயரும் இல்லை, முள்ளும் இல்லை. கண்ணுக்கே சரியாகத் தெரியாத ஒரு சிவப்புத் துகள்தான் அங்கே அமுக்கமானி.

ஆயிரம் வருடங்களுக்கு முன் அல்பிரூனி இரத்தினக் கற்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கற்களை நீரில் இட்டு அவற்றின் அடர்த்தியை ஒப்பிட்டு அளந்தவர் அவர். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் உருகிவிடும் என்று அந்தக் காலத்தில் எல்லோரும் நம்பினார்கள். அவர் மரகதத்தைப் பாம்புக்குப் பலவிதமாகக் காட்டிப் பார்த்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதையும் எழுதி வைத்தார்.

அல்பிரூனி, கியூரி சகோதரர்கள், மேமன் எல்லோரும் செய்தது ஒன்றுதான். சொன்னதைக் கேட்டுவிட்டு இருக்கவில்லை, எழும்பிப் பார்த்தார்கள். கல் நம்மிடமும் இருந்தது, தலைமுறை தலைமுறையாக நம் கைகளில் புரண்டது. நிறத்தையும் நிறையையும் பார்த்து விலை சொன்னோம். "அமுக்கினால் என்ன நடக்கும்?" என்று கேட்ட பிள்ளைகள் நம்மிடையேயும் இருந்திருப்பார்கள். அவர்களிடம் யாரோ "இரு" என்று சொல்லியிருப்பார்கள்.

நாளை முதல் பாடவேளை அதே வகுப்புத்தான். பழைய லைட்டர் ஒன்றும் குறடும் பையில் வைத்துவிட்டேன். அதைக் கழற்றி உள்ளே இருக்கும் கட்டியை அந்தப் பிள்ளையின் கையிலேயே கொடுக்கப் போகிறேன். அதற்கு முன் வகுப்புக்கு முன்னால் அவனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

ஆசிரிய நண்பர்களே, சோதனைக்கு வராத கேள்வி வந்தால் ஐந்து நிமிடம் கொடுங்கள். பாடம் அடுத்த நாளும் முடியும்.