குடிபெயர்ந்த ஏடுகள்: இணையத்தள இடமாற்றமும் மாமல்லைக் கடற்கரைக் கல்வெட்டு மரபும்

முன்னுரை

தமிழெழுத்தின் வரலாறு கூறுவோர் கல், செப்பேடு, ஓலை, தாள் என்னும் நான்கினை அதன் உறைவிடங்களாக எண்ணுவர். கடந்த முப்பது ஆண்டுகளில் இவற்றோடு ஐந்தாவதாக இணையத்தளம் சேர்ந்துள்ளது. ஓலையைச் செல்லரிக்கும், கடலோரக் கல்லை உப்புக்காற்று அரிக்கும், தாள் பழுத்து நொறுங்கும். இணையத்தளத்திற்கு நேரும் அழிவோ இவற்றின் வேறானது. எழுத்து யாதொரு பழுதும் அடையாதிருக்கும்போதே, அதற்கு இடமளித்த நிறுவனம் தன் வாயிலை அடைத்துவிடுதலால் அஃது ஒரே நாளில் மறைந்துபோகும். அந்நாளில் தளத்திற்கு உரியோர் வேறிடமும், தளமமைக்க வேறு மென்பொருளும் தேடிக் குடிபெயர வேண்டியவராகின்றனர்.

இக்குடிபெயர்ப்பு தமிழாராய்ச்சிக்கும் உரிய பொருளாதல் வெளிப்படை. ஆய்வேட்டின் அடிக்குறிப்பிலே காட்டிய இணைய முகவரி மறைந்துவிடின், அவ்வாய்வின் சான்று மறைந்ததாகும். சான்றில்லாத முடிபைப் பின்வருவோர் ஆய்ந்து பார்த்தற்கு வழியில்லை. ஆகவே, ஜியோசிட்டீஸ் என்னும் இணைய இடம் மூடப்பெற்ற வரலாற்றையும், அதில் இருந்த தமிழ்த்தளங்கள் கற்பிக்கும் பாடத்தையும் ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவ்வரலாற்றை விளக்குதற்குச் செங்கற்பட்டு மாவட்டத்து மாமல்லைக் கடற்கரையை ஒப்புநோக்கும் களமாகக் கொள்கின்றோம். மண்மூடிய கோயிலும், இருவகை எழுத்தில் பொறித்த ஒரே சாசனமும், அரசு மாறியும் மாறாத கொடையும் அங்கே ஒரு நாட் பயணத்துள் காணக் கிடைத்தலே இதற்குக் காரணமாகும்.

1. ஜியோசிட்டீஸ் தோன்றி மறைந்த வரலாறு

ஜியோசிட்டீஸ் 1994-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டிலே தோன்றியது. பொருள் செலவிட இயலாதார்க்கும் இணையத்திலே கட்டணமின்றி இடம் தந்தமை அதன் சிறப்பு. அது தன் பரப்பைப் பல பேட்டைகளாக வகுத்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு பெயரும், ஒவ்வொரு தளத்திற்கும் ஒரு வீட்டெண்ணும் இட்டது. கல்வி, இலக்கியம் பற்றிய தளங்கள் 'ஏதென்ஸ்' என்னும் பேட்டையில் அமைந்தன. சுவிட்சர்லாந்து நாட்டு லோசான் நகரில் வேதியியல் ஆராய்ச்சியாளராக விளங்கிய கு. கல்யாணசுந்தரம் அமைத்த தமிழ் மின்னூலகம் அப்பேட்டையில் 5180 என்னும் எண்ணுடைய வீட்டிலேயே குடியிருந்தது. தமிழ் எழுத்துருக்கள், நூல்கள், பிற தமிழ்த்தளங்கள் ஆகியவற்றை நாடினோர்க்கு அவ்வீடு வழிகாட்டும் திண்ணையாயிற்று.

1999-இல் ஜியோசிட்டீஸை யாகூ நிறுவனம் விலைக்கு வாங்கியது. பத்தாண்டு கழிந்து, 2009 ஏப்பிரல் மாதத்தில், புதியோரைச் சேர்த்தலை நிறுத்தியது. அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் சப்பான் நாட்டுப் பிரிவு ஒழிந்த அனைத்தையும் மூடிவிட்டது. சப்பானியப் பிரிவும் 2019 மார்ச்சு 31-ஆம் நாளோடு முடிவுற்றது. குடியிருந்தோர்க்குக் கிடைத்த தவணை ஏறத்தாழ ஆறு திங்களே. தம் கோப்புகளைத் தாமே இறக்கிக்கொண்டு வேறிடம் செல்லலாம். அல்லது யாகூவின் கட்டணச் சேவைக்கு மாறலாம். இவ்விரண்டனுள் ஒன்றும் செய்யாதார் பக்கங்கள் நீக்கப்பெற்றன.

அந்நாளில் ஆவணக் குழு எனத் தம்மை அழைத்துக்கொண்ட தன்னார்வலர் சிலர், ஜேசன் ஸ்காட் என்பார் முன்னிற்க, இயன்றமட்டும் பக்கங்களைப் படியெடுத்து 2010-இல் பொதுவில் வெளியிட்டனர். 1996-இல் தோன்றிய இணைய ஆவணகமும் ஒரு பகுதியைக் காத்துள்ளது. ஆயினும், காக்கப்பெற்றவற்றுள் ஒன்றைக் காண விரும்புவார் அதன் பழைய முகவரியை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும். முகவரி அறியாதார்க்கு அக்களஞ்சியம் பூட்டிய அறையே.

2. மூன்று கட்டுகள்

குடிபெயர்ந்தோர் உற்ற இடர்களை நோக்கின், அவை மூன்று கட்டுகளாக வகைப்படும். முதலாவது, பெயர். தளத்தின் முகவரி இடமளித்த நிறுவனத்தின் பெயரோடு பிணைந்திருந்தமையால், இடம் போனபோது பெயரும் போயிற்று. இரண்டாவது, எழுத்து. ஒவ்வொரு தளமும் தனக்கென ஓர் எழுத்துருவையும் குறிமுறையையும் கொண்டிருந்தமையால், கோப்பு கைக்கு வந்தும் படிக்க இயலாதாயிற்று. மூன்றாவது, படி. பக்கங்களை நிறுவனம் தந்த கருவி கொண்டு அந்நிறுவனத்தின் இடத்திலேயே கட்டியோர் பலர். அவர்தம் கையில் வேறு படி இல்லை. இம்மூன்றனையும் முறையே ஆராய்வோம்.

3. பெயர்

2004 டிசம்பர் 26-ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை மாமல்லைக்கு வடக்கேயுள்ள சாளுவன்குப்பத்தில் மணலை அரித்துச் சென்றது. அதனால் பாறையொன்றின்மேல் இருந்த கல்வெட்டுகள் வெளிப்பட்டன. இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணன் காலத்துச் சாசனமும் அவற்றுள் அடங்கும். அவை அவ்வூரில் ஒரு முருகன் கோயில் இருந்தமையைக் குறித்தன. இந்தியத் தொல்லியல் துறையினர் 2005-இல் அகழ்ந்தபோது, மணலுள் புதைந்த கோயிலைக் கண்டனர்; பல்லவர் காலத்துக் கருங்கற் பணியின் கீழே அதற்கும் முற்பட்ட செங்கற் கட்டடம் இருந்தது.

ஈண்டு நோக்கத்தக்கது யாதெனின், கோயில் மறைந்த பின்னும் அதன் பெயரையும் இடத்தையும் சுட்டும் எழுத்துக் கோயிலுக்குப் புறத்தேயுள்ள பாறையில் நின்றமையாகும். கோயிற் சுவரில் மட்டுமே அச்செய்தி இருந்திருப்பின், அதுவும் கோயிலோடு புதைந்திருக்கும்.

இணையத்தளத்திற்கு அப்பாறையாவது, டொமைன் என வழங்கும் தளப்பெயரே. தளப்பெயரைப் பதிவு செய்தல் ஒன்று; ஹோஸ்டிங் எனப்படும் இடமளிப்பைப் பெறுதல் மற்றொன்று. தனிப்பெயரைத் தாமே பதிவு செய்து, ஆண்டுக் கட்டணம் தவறாது செலுத்தி வருவோர், இடமளிப்பவரை எத்துணை முறை மாற்றினும் வாசகர் பழைய முகவரியாலேயே வந்து சேர்வர். அப்பெயர் எந்த வழங்கியைச் சுட்ட வேண்டும் என்னும் குறிப்பை மாற்றினாற் போதும். ஏதென்ஸ் 5180 என்பது வாடகை வீட்டின் எண். தமிழ் மின்னூலகம் பின்னாளில் தனக்கெனக் கொண்ட தளப்பெயரோ சொந்தப் பெயர். இவ்வேற்றுமையே தமிழ்த்தளங்கள் பலவற்றின் வாழ்வையும் மறைவையும் அறுதியிட்டது என்று கருதுகின்றோம்.

4. எழுத்து

சாளுவன்குப்பத்து அதிரணசண்ட மண்டபத்தில் ஒரே வடமொழிச் சாசனம் ஒரு சுவரில் பல்லவ கிரந்த எழுத்திலும் எதிர்ச்சுவரில் நாகரி எழுத்திலும் பொறிக்கப்பெற்றுள்ளது. செய்தி ஒன்றே, வரிவடிவம் இரண்டு. கிரந்தம் அறியாதவன் நாகரியாற் படிப்பான். நாகரி அறியாதவன் கிரந்தத்தாற் படிப்பான். ஒரு வரிவடிவு வழக்கொழிந்தாலும் செய்தி ஒழியாது.

தொடக்ககால இணையத்தமிழ் இந்நிலையில் இல்லை. ஒருங்குறியின் முதற் பதிப்பிலேயே, 1991-இல், தமிழுக்கு இடம் வகுக்கப்பட்டதாயினும், அதனைக் காட்டவல்ல கணினிகள் பரவுதற்குப் பல்லாண்டு கழிந்தன. அதுகாறும் மயிலை முதலிய எழுத்துருக்களும், திஸ்கி என்னும் குறிமுறையும், 1999-ஆம் ஆண்டுச் சென்னை மாநாட்டையொட்டி எழுந்த டாம், டாப் என்பனவும் வழங்கின. தமிழ்நாட்டரசு ஒருங்குறியைத் தரமாக ஏற்றது 2010-இலேயாம். ஆகவே, 2009-இல் ஜியோசிட்டீஸ் பக்கத்தை இறக்கி வைத்துக்கொண்டவர், அதனோடு உரிய எழுத்துருவையும் வைத்துக்கொள்ளாராயின், அவர் காத்தது பொருள் விளங்காக் குறிகளின் வரிசையையே. உடல் பிழைத்தது, உயிர் பிழைக்கவில்லை.

மதுரைத் திட்டத்தார் மேற்கொண்ட நெறி அதிரணசண்ட மண்டபத்து நெறியை ஒத்தது. 1998-இல் தொடங்கிய அத்திட்டத்தின் நூல்கள் முதலில் பழைய குறிமுறைகளில் வெளிவந்தன. பின்னர் அவையே ஒருங்குறிக்கும் மாற்றப்பெற்று அளிக்கப்பட்டன. ஒரு நூலை இருவடிவில் வைத்தமையால், ஒன்று வழக்கிழந்த காலத்தும் மற்றொன்று நின்றது.

5. படி

மாமல்லையிலே கணேச இரதத்தில் உள்ள சாசனச் செய்யுட்கள் தருமராச மண்டபத்திலும் காணப்படுகின்றன. இரண்டிடத்துப் பொறிப்பினையும் ஒப்பிட்டே அறிஞர் பாடம் துணிந்தனர். ஓரிடத்தில் எழுத்துச் சிதைந்தவிடத்து மற்றோரிடம் துணையாயிற்று.

படியெடுத்துப் பெயர்த்தெழுதும் முறை சோழநாட்டில் இன்னும் தெளிவாகப் புலப்படுகின்றது. இப்போதைய அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்டுமாறு முதலாம் இராசராசன் தனது 28-ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். சுவரை இடிக்கும் முன்னரே ஆங்கிருந்த கல்வெட்டுகள் புத்தகத்திற் படியெடுக்கப்பட்டன. முதலாம் இராசேந்திரனது 14-ஆம் ஆட்சியாண்டில் புதிய சுவரிலே பொறிக்கப்பெற்றன. இடித்தற்கும் பொறித்தற்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் அச்சாசனங்களுக்கு இருப்பிடம் அப்புத்தகமே. பழைய இடம் இல்லை, புதிய இடம் ஆகவில்லை என்னும் அவ்விடைக்காலமே எக்குடிபெயர்ப்பிலும் பேரிடர் விளைக்கும் காலமாகும்.

இணையத்தளமமைக்கும் மென்பொருளைத் தெரிவோர் முதற்கண் வினவத்தக்கது இதுவே: இங்கு எழுதியதை முழுமையாக, வேறொரு கருவியும் படிக்கத்தக்க வடிவில், வெளியே கொண்டுவர இயலுமா? 2003-இல் வெளிவந்த வேர்ட்பிரஸ் கட்டற்ற மென்பொருளாதலின், அதனை எவ்வழங்கியிலும் நிறுவலாம். பதிவுகளை ஒரு கோப்பாக ஏற்றுமதி செய்து மற்றோரிடத்தில் இறக்குமதி செய்யலாம். எச்.டி.எம்.எல். என்னும் எளிய குறிமொழியில் எழுதிய பக்கங்களோ கோப்புறையைப் படியெடுத்தமட்டில் எங்கும் இயங்கும். இழுத்து வைத்து அழகுறக் கட்டும் கருவிகள் பல தொடக்கத்தில் எளியனவாயினும், அவற்றின் அமைப்பு அவ்விடத்திற்கே உரியது. பெயர்ந்து செல்வோர் சொற்களையும் படங்களையும் மட்டுமே கொண்டு செல்லக்கூடும். புறப்படும் வாயிலைப் பார்த்தபின் புகும் வாயிலைப் பார்த்தல் நன்று.

படியைப் பலரிடம் பரப்புதல் பற்றியும் மதுரைத் திட்டம் ஒரு நெறி காட்டியது. தலைப்புப் பக்கத்தைச் சிதைக்காது வைத்துக்கொள்வார் எவரும் கோப்பினை இலவசமாக வழங்கலாம் என்னும் இசைவு ஒவ்வொரு நூலின் முகப்பிலும் எழுதப்பட்டது. நூல் எங்குச் சென்றாலும் அதன் பிறப்பிடமும் அதனைத் தட்டெழுதியோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயரும் உடன் சென்றன. முதலில் தமிழ்.நெட் தளத்தின் ஒரு பகுதியாக இருந்த அத்திட்டம் பின்னர்த் தனிப்பெயருடைய தளமாயிற்று. இடம் மாறியும் நூல்கள் குன்றவில்லை. 500-க்கு மேற்பட்டனவாக வளர்ந்தன.

இனி ஒரு தடை எழலாம். பெயர்த்தெழுதிய கல்வெட்டில் செய்தி உண்டு. ஆனால் பழைய எழுத்தமைதி இல்லை. திருமழபாடிச் சாசனங்களின் எழுத்து, பொறித்த காலத்து எழுத்தேயன்றி, முதற்கண் வெட்டிய காலத்து எழுத்தன்று. அங்ஙனமே, புதிய மென்பொருளுக்கு மாற்றிய தளத்தில் பழைய தோற்றமும், பதிவிட்ட நாளும், வருகையாளர் குறிப்பும் மறைதல் கூடும். தடை பொருந்துவதே. ஆகலின், மாற்றிய வடிவை வழக்கிற்கும் மாற்றாத மூலக்கோப்பை ஆவணத்திற்கும் வைத்தல் வேண்டும் என்பதே அதற்கு விடை. கணினியில் இரண்டையும் வைத்தற்கு ஆகும் செலவு மிகச் சிறிது.

6. காப்போர்

பெயரும் எழுத்தும் படியும் அமைந்தாலும், அவற்றைத் தொடர்ந்து பேணுவார் இல்லையெனின் பயனில்லை. மாமல்லைக்கு மேற்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருக்கழுக்குன்றத்துக் கல்வெட்டொன்று இதற்குச் சான்றாகும். இராசகேசரி என்னும் பட்டப்பெயரோடு அதிற் குறிக்கப்பெறும் மன்னனை முதலாம் ஆதித்தசோழன் என அறிஞர் கொள்வர். கந்தசிஷ்யன் என்னும் மன்னன் மூலத்தானத்து இறைவனுக்கு அளித்த நிலக்கொடையை, வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர் அவ்வாறே காத்தமையையும், அதனைச் சோழமன்னன் தன் 27-ஆம் ஆட்சியாண்டில் மீண்டும் உறுதி செய்தமையையும் அது கூறுகின்றது. பல்லவரது ஆட்சி நீங்கிச் சோழரது ஆட்சி வந்தும் கொடை நீங்கவில்லை. அதற்குக் காரணமும் அக்கல்வெட்டிலேயே உளது: புத்தன் என்பவன் விண்ணப்பம் செய்தான்.

அரசு தானே முன்வந்து பழங்கொடையைத் தேடவில்லை. நினைவூட்டிய ஒருவன் இருந்தான். ஜியோசிட்டீஸ் மூடிய ஆறு திங்களிலும் அவ்வாறு நினைவூட்டுவார் வாய்த்த தளங்களுக்குக் குடிபெயரக் காலம் போதியதாயிற்று; தளமமைத்தவர் மறைந்தோ, கடவுச்சொல்லை மறந்தோ, பழைய மின்னஞ்சலை விடுத்தோ போனவிடத்து ஆறு ஆண்டு தவணை தந்திருப்பினும் பயன் இராது. பின்னர் 2020 டிசம்பரில் யாகூ குழுமங்கள் மூடப்பெற்றபோதும் இந்நிலையே நேர்ந்தது. மலேசியத் தமிழறிஞர் செ. ஜெயபாரதி நடத்திய அகத்தியர் குழுமம் போன்ற மடலாடற் குழுக்கள் அச்சேவையைச் சார்ந்து வளர்ந்தவை. ஆங்கே நிகழ்ந்த இலக்கிய உரையாடல்களுள் உறுப்பினர் எவரேனும் தனியே சேமித்தவையே நிலைபெறத்தக்கன.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், தளத்தின் வாழ்வு அதற்கு இடமளிக்கும் நிறுவனத்தின் பெருமையைப் பொறுத்ததன்று என்பது பெறப்படும். யாகூ தன் காலத்திற் சிறிய நிறுவனமன்று. பெயர், எழுத்து, படி என்னும் மூன்றும் இடமளிப்பவர் கையில் இல்லாது எழுதியவர் கையில் இருத்தலும், அவற்றைப் பேணும் பொறுப்பு ஒருவர்பால் நிலைபெறுதலுமே வாழ்வுக்குக் காரணம்.

தமிழ்த்துறைகள் இன்று தம் ஆய்விதழ்களையும் சுவடிப் பட்டியல்களையும் கட்டணமில்லாச் சேவைகளில் இட்டு வருகின்றன, அஃது இழுக்கன்று. ஆயின் துறையின் பெயராலேயே தளப்பெயரைப் பதிவு செய்தலும், எழுத்தனைத்தையும் ஒருங்குறியில் வைத்தலும், ஆண்டுக்கொருமுறை முழுப்படியை இறக்கி நூலகத்திலும் வெளியூர் நிறுவனமொன்றிலும் ஒப்படைத்தலும், கடவுச்சொற்களையும் கட்டண நாட்களையும் துறைப்பதிவேட்டில் எழுதி, பொறுப்பாளர் மாறுந்தோறும் கையொப்பம் பெற்று ஒப்புவித்தலும் இன்றியமையாதன. இவை பெரும்பொருள் வேண்டுவன அல்ல. இன்று எழுதப்பெறும் அடிக்குறிப்புகள் நாளை படிப்பார்க்கும் சான்றாக நிற்றல் வேண்டுமாயின், துறைதோறும் ஒரு புத்தனேனும் இருத்தல் வேண்டும் என்பதே எம் துணிபு.