சுவிட்சு வந்த கதை

சுவிட்சு என்றதும் இப்போது ஆபீஸ் மூலையில் பச்சை விளக்கு மினுக்கும் நெட்வொர்க் பெட்டிதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சென்னைத் துறைமுகத்தை ஒட்டிய பகுதிக்கு முதல் சுவிட்சு வந்தது கம்ப்யூட்டருக்கு வெகு காலம் முன்னால்!

ஜார்ஜ் டவுன் எர்ரபாலு செட்டித் தெருவில் 1881-82 வாக்கில் ஓரியண்டல் டெலிபோன் கம்பெனி மதராஸின் முதல் எக்ஸ்சேஞ்சைத் திறந்தது. அந்தக் காலத்துச் சுவிட்சு என்பது ஒரு பலகை, பக்கத்தில் ஒரு ஆள். யாரோடு பேச வேண்டும் என்று சொன்னால் அவர் ஒயரை எடுத்து உரிய துளையில் சொருகுவார். வியாபாரிகள் விலை பேசும் லைனில் நடுவே ஒரு மூன்றாம் காது!

அந்தக் காதை நம்பாதவர் அமெரிக்காவின் ஸ்ட்ரோஜர். சவ அடக்கத் தொழில் செய்தவர். தன் வாடிக்கையாளர்களின் அழைப்பை ஆபரேட்டர் போட்டிக்காரருக்குத் திருப்பி விடுகிறார் என்று சந்தேகப்பட்டுத்தான் தானியங்கி சுவிட்சைக் கண்டுபிடித்தார் என்பார்கள். காப்புரிமை 1891இல் கிடைத்தது. இந்தியாவின் முதல் தானியங்கி எக்ஸ்சேஞ்ச் 1913-14இல் சிம்லாவில் வந்தது.

கம்ப்யூட்டர் உலகமும் இதே பாதையில்தான் நடந்தது. ஹப் என்ற பெட்டி ஒருவர் அனுப்பியதை எல்லோருக்கும் அனுப்பியது. மறுபடியும் மூன்றாம் காது. 1990இல் கல்பனா என்ற கம்பெனி ஏழு போர்ட் கொண்ட முதல் ஈத்தர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. நிறுவனர்களில் ஒருவரான வினோத் பரத்வாஜ் தன் மனைவியின் பெயரையே அதற்கு வைத்திருந்தார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கிவிட்டது. எந்த மெஷின் எந்த போர்ட்டில் இருக்கிறது என்று சுவிட்சு தானே கற்றுக்கொள்ளும். ஆள் தெரியாவிட்டால் எல்லா வாசலையும் தட்டும்.

ஆனால் பொருத்துகிறவர் கவனமாக இருக்க வேண்டும். இரண்டு சுவிட்சுகளுக்கு நடுவே தெரியாமல் இரண்டு கேபிள் போட்டால், அப்படித் தட்டிய செய்தி சுற்றிச் சுற்றி வந்து மொத்த நெட்வொர்க்கையும் படுக்க வைத்துவிடும். இதைத் தடுக்க வழி சொன்னவர் ராடியா பெர்ல்மன், 1985இல்.

சென்னைத் துறைமுகத்தில் 1983இல் கன்டெய்னர் முனையம் திறந்தபோது ஈத்தர்நெட் சுவிட்சு பிறக்கவே இல்லை. இன்று அது இல்லாமல் எந்தத் துறைமுகமும் ஓடாது. ஆனால் செம்புக் கேபிள் 100 மீட்டர்தான் தாங்கும். யார்டோ அதைவிடப் பல மடங்கு பெரிது. அதனால் நடுவில் ஃபைபர் இழுக்க வேண்டும். போதாக்குறைக்குக் கடற்கரை உப்புக் காற்று கனெக்டர் முனைகளை அரித்துவிடும். வெளியே வைக்கும் சுவிட்சை ரப்பர் விளிம்பு போட்ட பெட்டிக்குள் பூட்டி வைப்பது அதற்காகத்தான், திருடனுக்காக மட்டுமல்ல.