தளர்ந்த தோலும் தளராத மனமும்



வரலாறு என்றதும் அரசர்களும் போர்களும் கோட்டைகளும்தாம் நம் நினைவுக்கு வருகின்றன. இன்று நாம் பேசப்போவது வேறொரு வரலாறு. அது நம் ஒவ்வொருவர் உடம்பின் மேலும் எழுதப்பட்டிருப்பது. தோலின் வரலாறு.

இதைப் பேசத் தூண்டியவர் நம் பள்ளி மாணவன் ஒருவனின் பாட்டி. அறுபத்தாறு வயது. இளமையில் பால்மரம் வெட்டியவர். வேலை நின்றபின் உடம்பு பெருத்து, தொண்ணூறு கிலோவைத் தாண்டியது. பிறகு இனிப்பு நீர் வந்தது. கிளினிக்கில் சொன்னபடி சோற்றைக் குறைத்தார், சீனியை விட்டார், காலையும் மாலையும் நடந்தார். இரண்டே ஆண்டில் முப்பது கிலோ குறைந்தது. மருத்துவருக்கு மகிழ்ச்சி. மூட்டு வலியும் குறைந்தது. ஆனால், பாட்டி திருவிழாவுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார். வெயில் கொளுத்தும் நேரத்திலும் முழங்கைக்குக் கீழே இறங்கும் ரவிக்கை போட்டார். ஏன் என்று கேட்டோம். கையை உயர்த்திக் காட்டினார். மேற்கையில் தோல் தொட்டில்போலத் தொங்கியது.

"டீச்சர், பெருத்துக் கிடந்தப்ப யாரும் ஒன்னும் கேக்கல. இப்ப இளைச்சதும் என்ன வியாதி, என்ன வியாதின்னு கேக்குறாங்க. ஏதோ தோல் வியாதின்னு ஒருத்தி சொல்லிட்டா. எங்கம்மா கேட்டு அழுத பேச்சு அது."

பாட்டியின் தாய்மாமன் ஒருவர் 1950களில் சுங்கை பூலோவுக்குக் கொண்டுபோகப்பட்டவராம். அதன்பின் அந்த வீட்டில் அவர் பெயரையே எடுப்பதில்லை. தோலைப் பார்த்து ஆளை எடைபோடும் பழக்கம் ஒரு குடும்பத்தில் இரண்டு தலைமுறையைத் தொட்டிருக்கிறது. ஆகவே, இதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

முதலில் தோல் ஏன் தளர்கிறது? இதைப் புரிந்துகொள்ள நம்மைவிடத் தகுதியானவர்கள் யார்? நாம் ரப்பரோடு வாழ்ந்தவர்கள் அல்லவா! ஒரு ரப்பர் வளையத்தை இழுத்து உடனே விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. அதையே ஒரு கட்டின் மேல் இழுத்து மாட்டி, பல ஆண்டுகள் வெயிலில் வைத்துவிட்டுக் கழற்றினால் என்ன ஆகும்? தொய்ந்துதான் போகும். தோலின் உள்ளேயும் இப்படிப்பட்ட இழைகள் உண்டு. உறுதி தருவது கொலாஜன். இழுத்தால் திரும்பச் செய்வது எலாஸ்டின். எலாஸ்டினைப் பெரும்பாலும் இளம் பருவத்திலேயே உடம்பு உண்டாக்கிவிடுகிறது. வயது ஏறினால் இழைகள் நைகின்றன. வெயிலும் புகையிலைப் புகையும் அந்த நைவை விரைவுபடுத்துகின்றன. பல ஆண்டுகள் விரிந்திருந்த தோல், உள்ளே இருந்த கொழுப்பு கரைந்ததும் சுருங்கி வர வழியில்லாமல் தொங்குகிறது. இது நோயன்று, தொற்றுவதும் அன்று.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். முதுமையைச் சொல்லும்போது 'நரை திரை' என்று இணைத்தே சொன்னார்கள். நரை தலைமுடியில்; திரை தோலில். சைவ அடியார்களுள் காரைக்கால் அம்மையார் கதை நமக்குத் தெரியும். அழகைச் சுமந்த தசையை உதறிவிட்டு, எலும்பும் வற்றிய தோலுமான பேய் வடிவத்தை அவரே வேண்டிப் பெற்றார் என்கிறது பெரிய புராணம். சோழர் காலத்துச் சிற்பிகள் அந்த வற்றிய உடம்பை மறைக்கவில்லை. விலா எலும்பு தெரிய, தோல் தொங்க, செப்புத் திருமேனியாக வார்த்து வணங்கக் கொடுத்தார்கள். தளர்ந்த தோலை வெட்கத்துக்குரியதாகப் பார்க்காத ஒரு கண் நம்மிடம் இருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அந்தக் கண் எப்படி மாறியது? நம் தோட்டங்களைப் பொறுத்தவரை பசி ஒரு பெரும் காரணம். 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சி. அரிசி கிடைக்கவில்லை, மரவள்ளிக் கிழங்கே உணவு. 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் – பர்மா ரயில் பாதை போட, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். பசியாலும் காலராவாலும் மலேரியாவாலும் மிகப் பலர் அங்கேயே மாண்டார்கள். மீண்டு வந்தவர்கள் எலும்பின்மேல் தோல் போர்த்தவர்களாய் வந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு இளைத்த உடம்பு என்றால் சாவின் அடையாளம். அதனால்தான் இன்றும் நம் வீடுகளில் "உடம்பு போட்டிருக்கிறாய்" என்றால் பாராட்டு. "இளைத்துவிட்டாயே" என்றால் பரிதாபம். பாட்டியைப் பார்த்து "என்ன வியாதி" என்று கேட்டவர்களின் வாயில் அந்தப் பழைய பயமும் பேசுகிறது.

இனிச் சுங்கை பூலோவுக்கு வருவோம். மலாய் மொழியில் இப்பெயருக்கு மூங்கில் ஆறு என்று பொருள். கோலாலம்பூருக்கு வடமேற்கே, ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனைத் தோட்டத்தால் நம்மவர்க்கு நன்கு அறிமுகமான ஊர். அதன் பள்ளத்தாக்கு ஒன்றில் 1930ஆம் ஆண்டு 562 ஏக்கர் நிலத்தில் தொழுநோயாளர் குடியிருப்பு திறக்கப்பட்டது.

அதற்கு முன் கோலாலம்பூரில் நோயாளிகள் வைக்கப்பட்டிருந்த இடம் சிறைபோல இருந்தது. டாக்டர் டிராவர்ஸ் என்னும் ஆங்கிலேய மருத்துவர் அதைக் கண்டு வருந்தினார். "அடைத்து வைத்தால் ஓடத்தான் பார்ப்பார்கள், வீடும் தோட்டமும் வேலையும் கொடுத்தால் வாழ்வார்கள்" என்பதே அவர் கொள்கையின் சாரம். அதன்படி சிறு சிறு வீடுகள் கட்டப்பட்டன. பள்ளிக்கூடம், கோயில், பள்ளிவாசல், தேவாலயம், கடைகள், விளையாட்டுத் திடல் யாவும் அமைந்தன. குடியிருப்புக்கென்று தனி நாணயத்தாள்கூட இருந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு காலத்தில் அங்கே வாழ்ந்தார்கள். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் இருந்தார்கள்.

ஆனால், நேயர்களே, எத்தனை அழகான பூந்தோட்டமாயினும் வெளியே போக முடியாவிட்டால் அது சிறையன்றி வேறென்ன? 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கலாம். அங்கே பிறந்த குழந்தைகள் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டார்கள். பலர் தத்துக் கொடுக்கப்பட்டார்கள். தம் பிள்ளை எங்கே வளர்கிறது என்று அறியாமலே முதுமை அடைந்த தாய்மார்கள் அங்கு உண்டு.

இத்தனைக்கும் தொழுநோய் எளிதில் தொற்றும் நோய் அன்று. அதன் கிருமியை 1873இல் நார்வே நாட்டு ஹான்சன் கண்டறிந்தார். ஆனால், நெடுங்காலம் நல்ல மருந்து இல்லை. நம் சித்த மருத்துவர் அறிந்த நீரடிமுத்து இனத்து மரங்களின் எண்ணெயையே மேனாட்டாரும் ஊசியாக ஏற்றினர். வலியோ அதிகம், பயனோ குறைவு. 1941இல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் சல்ஃபோன் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். நோய் அடங்கியது! தமிழ்நாட்டில் செங்கற்பட்டில் டாக்டர் காக்ரேன் அவ்வகை மருந்தை 1940களிலேயே பயன்படுத்தத் தொடங்கினார். போருக்குப் பின் சுங்கை பூலோவுக்கும் அது வந்தது.

இங்கேதான் பாட்டியின் கதையும் சுங்கை பூலோவின் கதையும் சந்திக்கின்றன. ஒருவகைத் தொழுநோயில் கிருமிகள் முகத்தின் தோலில் பெருகி அதைத் தடிக்கச் செய்கின்றன. நெற்றி மடிப்பு விழுகிறது. காது மடல் வீங்குகிறது. மருந்து வேலை செய்து வீக்கம் வடிந்ததும், விரிந்து போன தோல் திரும்பிச் சுருங்குவதில்லை. நாற்பது வயதுக்காரரின் முகம் எழுபது வயது முகம்போலத் தொங்கிவிடும். நோய் போய்விட்டது, குணமானதன் அடையாளமே அந்தத் தளர்ச்சி. ஆனால், ஊர் அதை நோயாகவே பார்த்தது. குணமானவர்களில் பலர் வீடு திரும்பவில்லை. சிலருக்குத் திரும்ப மனமில்லை. சிலரை வீடு ஏற்கவில்லை. பாட்டிக்கு நடந்ததும் இதுதானே? உடம்பு நலமானதன் அடையாளத்தையே ஊர் நோயாக வாசித்துவிட்டது.

மருத்துவம் இதற்கும் வழி தேடியது. தோலை வெட்டி ஒட்டும் கலை இந்தியாவுக்குப் புதிதன்று. மூக்கறுபட்டவர்க்குத் தோலெடுத்து மூக்கு அமைக்கும் முறையைச் சுசுருதர் நூல் கூறுகிறது. மைசூர்ப் போரில் மூக்கை இழந்த கவாஸ்ஜி என்னும் வண்டிக்காரருக்குப் பூனாப் பக்கம் நெற்றித் தோலால் மூக்கு வைத்த செய்தி 1794இல் லண்டன் இதழொன்றில் வெளியாயிற்று. அதைப் படித்த கார்ப்யூ என்னும் மருத்துவர் 1814இல் அங்கே அதைச் செய்து காட்டினார். வயிற்றில் தொங்கும் தோலையும் கொழுப்பையும் அகற்றும் அறுவை, 1899இல் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் டாக்டர் கெல்லியால் செய்யப்பட்டது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் தொழுநோயாளரின் மடங்கிய விரல்களை நிமிர்த்தத் தொடங்கினார். டாக்டர் அந்தியா தொழுநோயால் கெட்ட முகங்களைச் சீரமைத்தார். தொங்கிய தோலை இழுத்துத் தைப்பதும், நீண்ட காது மடலைக் குறைப்பதும் அந்தச் சிகிச்சையில் அடங்கும். பணக்காரரின் அழகுக்கு என்று நாம் நினைக்கும் அறுவை, ஏழை ஒருவர் பேருந்தில் தயங்காமல் ஏறுவதற்கும் உதவியது.

சுங்கை பூலோ உலகுக்குத் திருப்பிக் கொடுத்ததும் உண்டு. சல்ஃபோன் மருந்துக்குக் கிருமி பணியாமல் போவதை 1964இல் பெட்டிட், ரீஸ் என்னும் ஆய்வாளர்கள் இங்குள்ள நோயாளிகளைக் கொண்டே மெய்ப்பித்தார்கள். ஒரே மருந்தை நம்பக்கூடாது என்பது தெளிவாயிற்று. 1981இல் உலகச் சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகக் கூடியது. வீட்டிலிருந்தே மருந்து சாப்பிடலாம். 2007இல் குடியிருப்பின் கிழக்குப் பகுதி பல்கலைக்கழகக் கட்டடத்துக்காக இடிக்கப்பட்டது. எஞ்சிய பகுதி 2019இல் உலக மரபுரிமைத் தகுதிக்கான முன்பட்டியலில் சேர்ந்தது.

சரி, பாட்டி போன்றவர்கள் என்ன செய்யலாம்? தெரிந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறோம்.

முயலாமலே உடம்பு இளைத்தால் சும்மா இருக்கக் கூடாது. கட்டுக்கடங்காத இனிப்பு நீர், காச நோய், தைராய்டுக் கோளாறு, புற்றுநோய் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று காரணமாக இருக்கலாம். கிளினிக்குக்குப் போய்ச் சோதித்துக்கொள்ள வேண்டும். முயன்று இளைத்தவர்களோ அஞ்ச வேண்டியதில்லை. ஆனால், முதுமையில் கொழுப்போடு தசையும் கரையும். பருப்பு, முட்டை, மீன், தெம்பே, தௌஃபு போன்றவற்றைச் சாப்பாட்டில் சேர்த்து, கைகால்களுக்கு வலுவூட்டும் பயிற்சியும் செய்வது நல்லது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். தோல் மடிப்புகளில் வியர்வை தங்கினால் பூஞ்சணமும் புண்ணும் வரும். இனிப்பு நீர்க்காரர்களுக்கு இது இன்னும் எளிதில் வரும். குளித்தபின் மடிப்புகளை நன்றாக ஒற்றித் துடையுங்கள், சிவந்தால் காட்டுங்கள். தடவினால் தோல் இறுகும் என்று விற்கும் களிம்புகளுக்குக் காசைக் கொட்டாதீர்கள். தொங்கும் தோலைக் களிம்பால் திரும்ப ஏற்ற முடியாது. புண் ஆறாமலோ நடக்க முடியாமலோ துன்பப்படுவோர்க்கு அறுவை உண்டு. எடை சில மாதங்கள் நிலையாக நின்று, இனிப்பு நீரும் கட்டுக்குள் வந்த பிறகே மருத்துவர்கள் அதை யோசிப்பார்கள்.

இவை பாட்டிக்குச் சொன்னவை. மற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்பார்கள். உண்மைதான். ஆனால், நம் வீட்டு வாயை நாம் மூடிக்கொள்ளலாம் அல்லவா? மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய ஐவரில் ஒருவருக்கு இனிப்பு நீர் என்று 2019ஆம் ஆண்டுத் தேசியச் சுகாதார ஆய்வு காட்டியது. இந்தியர்களிடையே அது இன்னும் அதிகம். உடம்பைக் குறைத்தவரைப் பார்த்து "என்ன வியாதி" என்று கேட்டால், அடுத்தவர் குறைக்கவே தயங்குவார். அந்தக் கேள்வியின் விலை ஒரு காலாக இருக்கலாம், கண்ணாக இருக்கலாம்.

சென்ற பள்ளி விடுமுறையில் பாட்டி ஒரு நாள் நம்மிடம் வந்து, "அந்த எடத்தக் காட்டுறீங்களா டீச்சர்?" என்றார். அழைத்துப் போனோம். பழைய வீடுகளையும் கோயிலையும் பார்த்தார். தாய்மாமனைப் பற்றி யாரையும் விசாரிக்கவில்லை. ஆனால், வழியில் இரண்டு முறை அவர் பெயரைச் சொன்னார். அந்தப் பெயர் அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக அந்தக் குடும்பத்தில் ஒலிக்காதது. திரும்பும்போது அங்குள்ள நாற்றுப் பண்ணை ஒன்றில் ஒரு செம்பருத்திச் செடி வாங்கினார். காசு கொடுக்கக் கையை நீட்டியபோது ரவிக்கைக் கை மேலேறித் தோல் தெரிந்தது. பாட்டி அதை இழுத்துவிடவில்லை. விற்றவரும் அதைப் பார்க்கவில்லை. செடிக்கு எவ்வளவு தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நேயர்களே, பால்மரத்தின் வெட்டுப் பட்டையைப் பார்த்து அந்த மரம் எத்தனை ஆண்டு பால் கொடுத்தது என்று சொல்லக் கூடியவர்கள் நாம். மனிதத் தோலையும் அதே மரியாதையோடு பார்க்கப் பழகுவோம்.