அடைப்புக்குறிக்குள் ஓர் ஆண்டு: மேற்கோள் வடிவங்கள் யாருக்காகப் பிறந்தன?

நேச்சர் இதழின் 121ஆம் தொகுதி, 501ஆம் பக்கம். சி. வி. ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் ஒளிச்சிதறல் பற்றி 1928 மார்ச் 31 அன்று வெளியிட்ட சிறு கட்டுரை அங்கேதான் தொடங்குகிறது. இதை இன்று மேற்கோள் காட்டுபவர் மருத்துவ இதழுக்கு எழுதினால், ராமன் என்ற பெயருக்குப் பின்னால் தலைப்பெழுத்துகளைப் புள்ளியில்லாமல் போடுவார். உளவியல் இதழென்றால் புள்ளி வைப்பார்; ஆண்டைப் பெயருக்கு அருகே அடைப்புக்குறிக்குள் கொண்டுவருவார். இயற்பியல் இதழென்றால் தொகுதி எண்ணைத் தடித்த எழுத்தாக்கி, ஆண்டைக் கடைசிக்குத் தள்ளுவார். கட்டுரையின் தலைப்பையே விட்டுவிடவும் கூடும். மூன்றும் கொண்டுபோய் நிறுத்துவது அதே பக்கத்தில்தான். அப்படியானால் இத்தனை வேறுபாடு எதற்கு? வரலாற்றைப் புரட்டினால், ஒவ்வொரு வடிவமும் யாரோ ஒருவருடைய சுமையை இறக்கிவைக்கப் பிறந்தது என்பது தெரிகிறது. இறக்க வந்த சுமையை மறந்து, வடிவத்தை மட்டும் விதியாகப் பிடித்துக்கொண்டதில்தான் இன்றைய சிக்கல் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

ஹென்றி ஓல்டன்பர்க் 1665இல் லண்டனில் ‘பிலசாஃபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழைத் தொடங்கிய காலத்தில் மேற்கோளுக்குத் தனி வடிவம் தேவைப்படவில்லை. ஆய்வுலகம் சிறியது, இன்னார் தம் நூலில் இப்படிச் சொல்கிறார் என்று பேச்சுவாக்கில் எழுதினாலே படிப்பவருக்கு விளங்கிவிடும். 19ஆம் நூற்றாண்டில் இதழ்கள் பெருகியபோது இந்த நெருக்கம் குலைந்தது. அறிவியல் கட்டுரைகளுக்கு ஒரு பட்டியல் வேண்டும் என்று அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் ஹென்றி 1855இல் முன்மொழிந்தார். ராயல் சொசைட்டியின் மாபெரும் பட்டியல் 1867 முதல் தொகுதி தொகுதியாக வெளிவந்தது. இந்தப் பெருக்கத்துக்கு நடுவே, ஹார்வர்டின் விலங்கியலாளர் எட்வர்ட் லாரன்ஸ் மார்க் 1881இல் ஓடில்லா நத்தை ஒன்றின் முட்டை முதிர்ந்து கருவுற்றுப் பிளவுபடுவதைப் பற்றி நீண்ட ஆய்வொன்றை வெளியிட்டார். அதன் 194ஆம் பக்கத்தில் ஆசிரியர் பெயரோடு ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வருகிறது. புதிய வழக்கம் என்பதால், அது எதைக் குறிக்கிறது என்று விளக்க ஓர் அடிக்குறிப்பும் தேவைப்பட்டது. ஹார்வர்ட் முறையின் தோற்றுவாயை இந்தப் பக்கத்தில் அடையாளம் கண்டு, 1988இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியவர் ஈலை செர்னின். பல்கலைக்கழகம் கூடி வகுத்த விதியல்ல இது. ஓர் ஆய்வாளர் தம் வாசகருக்குச் செய்துகொடுத்த வசதி. விலங்கியலில் ஒன்றை யார், எப்போது முதலில் கண்டார் என்பது உயிர்நாடியான கேள்வி. பக்கத்தைப் புரட்டாமலே அதற்கு விடை தந்தது அந்த அடைப்புக்குறி.

அடுத்த திருப்பம் கட்டுரையாளருக்காக நேர்ந்தது. 1978 ஜனவரியில் பொதுமருத்துவ இதழாசிரியர்கள் சிலர் கனடாவின் வான்கூவர் நகரில் கூடினார்கள். ஓர் இதழ் திருப்பியனுப்பிய கட்டுரையை இன்னோர் இதழுக்கு அனுப்ப வேண்டுமென்றால், மேற்கோள் பட்டியல் முழுவதையும் மறுபடி தட்டச்சு செய்தாக வேண்டிய காலம் அது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் வடிவத்தை ஒட்டி, கட்டுரையில் வரும் வரிசைப்படி எண்ணிடும் ஒரே முறையை அவர்கள் ஏற்று 1979இல் வெளியிட்டார்கள். இதில் பலரும் கவனிக்கத் தவறும் ஒரு வாக்குறுதி உண்டு. இந்த முறைப்படி எழுதப்பட்ட கட்டுரையை, வடிவம் சரியில்லை என்று சொல்லிப் பரிசீலனைக்கு முன்பே திருப்பியனுப்ப மாட்டோம். ஏற்றபின் எங்கள் பாணிக்கு மாற்றுவதென்றால் அது எங்கள் பொறுப்பு என்றார்கள். வான்கூவர் முறையின் சாரம் எண்களிலோ அரைப்புள்ளியிலோ இல்லை; சுமையை எழுதுபவரின் தோளிலிருந்து இதழ் அலுவலகத்துக்கு மாற்றிய அந்த உடன்பாட்டில்தான் இருக்கிறது. இன்று வான்கூவர் முறையின் பெயரைச் சொல்லியே, பொருளைப் படிக்காமல் கட்டுரைகளைத் திருப்பியனுப்பும் இதழ்கள், அதை உருவாக்கியவர்கள் எதை ஒழிக்கக் கூடினார்களோ அதையே செய்கின்றன.

கறாரான வடிவம் கவனத்துக்கு அடையாளம், காற்புள்ளியில் அலட்சியமாக இருப்பவர் கணக்கிலும் அலட்சியமாகத்தான் இருப்பார் என்று ஒரு மறுப்பு எழலாம். எளிதில் தள்ளிவிடக் கூடியதல்ல இது. யூஜின் கார்ஃபீல்ட் 1955இல் சயன்ஸ் இதழில் முன்மொழிந்து, 1960களில் நடைமுறைக்குக் கொண்டுவந்த மேற்கோள் அடைவு, முதல் ஆசிரியர், ஆண்டு, தொகுதி, பக்கம் ஆகியவற்றைக் கொண்டே கட்டுரைகளை இனங்கண்டது. பக்க எண்ணில் ஓர் இலக்கம் பிசகினால் ஒரே கட்டுரை இரண்டாகத் தோன்றும். ஆனால் அந்தப் பிசகு தரவில் நேர்வது; வடிவத்தில் அல்ல. வடிவம் குறையின்றி இருந்து தரவே பொய்யாக இருக்கவும் கூடும். ஒரு பெரிய பதிப்பகம் தன் கட்டுரையாளர் வழிகாட்டியில், மேற்கோளை எப்படி எழுதுவது என்று காட்ட ஒரு கற்பனை மேற்கோளை அச்சிட்டிருந்தது. வான் டெர் கீர் முதலிய மூவர் பெயர், 2000 என்ற ஆண்டு, அறிவியல் கட்டுரை எழுதும் கலை என்ற பொருளில் ஒரு தலைப்பு, 163ஆம் தொகுதி, 51 முதல் 59 வரை பக்கங்கள். அப்படியொரு கட்டுரையே கிடையாது. ஆனாலும் அதை ஏறக்குறைய 400 ஆய்வுக் கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருப்பது 2017இல் வெளிச்சத்துக்கு வந்தது. மாதிரியை அழிக்க மறந்தவர்கள், அதையும் சேர்க்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டவர்கள் எனக் காரணம் எதுவாகவும் இருக்கட்டும். அந்த வரியில் புள்ளிகளெல்லாம் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தன. வடிவத்தை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு அதில் குற்றமே தெரியாது.

இப்போது எல்லாவற்றையும் மென்பொருளே செய்துவிடுகிறதே, இதில் சுமை எங்கே இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. உண்மைதான். 1985இல் வந்த பிப்டெக் முதல் 2006இல் வந்த ஸோடெரோ வரை கருவிகள் பல உண்டு. இன்று 10,000க்கும் மேற்பட்ட இதழ்களின் வடிவங்கள் கணினிக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. 2000இல் தொடங்கிய கிராஸ்ரெஃப் வழியாகக் கட்டுரைகள் நிலையான அடையாள எண்ணும் பெறுகின்றன. புள்ளியும் சாய்வெழுத்தும் ஒரு சொடுக்கில் மாறிவிடும் என்றால், அவற்றை மனிதர் உட்கார்ந்து திருத்த வேண்டும் என்று கேட்பதற்கு இனி நியாயம் இல்லை. இதழ்கள் தங்கள் கண்டிப்பைத் தரவின் பக்கம் திருப்ப வேண்டும். அங்கே வேலை நிறையவே இருக்கிறது. ராமசாமியின் மகன் முருகன் என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். தமிழ் வழக்கப்படி அவர் ஆர். முருகன், பட்டியலில் ‘முருகன், ஆர்.’ என்று சரியாகவே அமர்வார். இதழின் இணையப் படிவமோ இயற்பெயர், குடும்பப் பெயர் என இரண்டு கட்டங்களையும் நிரப்பாமல் விடாது. தலைப்பெழுத்தை விரித்து முருகன் ராமசாமி என்று பதிகிறார். மென்பொருள் அதை ‘ராமசாமி, எம்.’ என்று திருப்பிப் போடுகிறது. ஹார்வர்ட் முறையானாலும் வான்கூவர் முறையானாலும் வடிவத்தில் பிழை ஏதும் இல்லை. ஆனால் முருகனின் பெயரில் தேடுபவருக்கு அவருடைய கட்டுரைகளில் ஒரு பகுதிதான் கிடைக்கும்; மற்றவை, ஆய்வுக்கூடத்துக்குள் கால்வைத்தே அறியாத அவருடைய அப்பாவின் பெயரில் இருக்கும்.