குருதிக் கணக்கும் உறவின் உரிமையும்: ஆஸ்திரேலியத் தொல்குடி அடையாளத்தின் வரலாறு

ஆஸ்திரேலியாவில் தொல்குடியினர் எவர் என்று முடிவுசெய்யும் உரிமை, கடந்த இரு நூற்றாண்டுகளின் பெரும்பகுதியில் அம்மக்களிடம் இருந்ததில்லை. 1788இல் பிரிட்டானியர் சிட்னிக் கரையில் குடியேறத் தொடங்கியபோது அக்கண்டத்தில் 250க்கும் மேற்பட்ட மொழிகள் வழங்கின. அம்மொழிகளைப் பேசிய சமூகங்கள் அனைத்தையும் ஒரே பெயருக்குள் அடக்கிய குடியேற்ற அரசுகள், பிற்காலத்தில் அவர்களையே முழுக்குருதியினர், அரைக்குருதியினர், கால்குருதியினர் என்று கூறுபோட்டுச் சட்டங்கள் இயற்றின. ஒருவருடைய முன்னோரில் எத்தனை பங்கினர் தொல்குடியினர் என்பதைப் பின்னமாகக் கணக்கிட்டு, அப்பின்னத்தைக் கொண்டு அவருடைய உரிமைகளை வரையறுக்கும் இம்முறையைக் குருதிக் கணக்கு எனலாம். அது சட்டமான வரலாற்றையும், குடும்பங்களைப் பிரித்த விதத்தையும், அதற்கு மாற்றாகப் புதிய வரையறை எழுந்த சூழலையும் ஆராயும் இக்கட்டுரை, இன்றைய சமூகத்தில் தொல்குடியினர் எதிர்கொள்ளும் காழ்ப்பின் ஒரு பெரும்பகுதி அப்பழைய கணக்கின் தொடர்ச்சியே என்பதை நிறுவ முற்படுகிறது.

உறவுமுறை என்னும் அடித்தளம்

தொல்குடிச் சமூகங்களில் ஒருவரின் இடத்தை வரையறுப்பவை உறவுமுறையும், முன்னோர்வழி அவருக்கு உரிமையான நிலமுமே ஆகும். மேற்கு ஆஸ்திரேலியாவின் கரியேரா மக்களைப் பற்றி மானிடவியலறிஞர் ராட்கிளிஃப்-பிரவுன் 1913இல் வெளியிட்ட ஆய்வு, தாயின் உடன்பிறந்தாளும் தாயாகவும், தந்தையின் உடன்பிறந்தானும் தந்தையாகவும் கொள்ளப்படுவதையும், தாய்மாமன் மக்களும் அத்தை மக்களும் மணமுறை உடையவர்களாக வேறுபடுத்தப்படுவதையும் விளக்கியது. தென்னிந்தியத் திருமண உறவுகளை ஆராய்ந்த லூயி துய்மோன் பின்னாளில் இந்தக் கரியேரா முறையையும் ஆராய்ந்தார். இரு முறைகளுக்கும் இடையிலான ஒப்புமை அமைப்பளவிலானது; இரு மக்களும் ஒரே மூலத்தினர் என்பதற்கு அதைச் சான்றாகக் கொள்ள இயலாது. ஆயினும் பெரியம்மாவும் சித்தியும் தாயின் இடத்தில் நிற்கும் குடும்ப ஒழுங்கை அறிந்த தமிழ் வாசகர்க்கு, இத்தகைய சமூகத்திலிருந்து ஒரு குழந்தையைப் பிரித்தெடுப்பது எத்தனை உறவுகளை ஒருங்கே அறுப்பதாகும் என்பது எளிதில் விளங்கும்.

இவ்வொழுங்கில், வெள்ளையருக்குப் பிறந்தாலும் தாயின் சுற்றத்தாரிடையே வளர்ந்த குழந்தை அச்சுற்றத்தின் குழந்தையே. அந்தக் குழந்தையைத் தனி வகையினமாகக் காணும் நோக்கு வெளியிலிருந்து, அரசின் ஆவணங்கள் வழியாகவே நுழைந்தது.

கணக்கு சட்டமான காலம்

தொல்குடியினரின் வசிப்பிடம், வேலை, ஊதியம் ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் முதல் விரிவான சட்டத்தை விக்டோரியா 1869இல் இயற்றியது. ‘பாதுகாப்பு’ என்னும் பெயரில் அமைந்த அச்சட்டம் 1886இல் திருத்தப்பட்டபோது, 34 வயதைக் கடவாத கலப்பு வழியினர் தொல்குடியினர் அல்லர் எனப்பட்டு, அரசுக் குடியிருப்புகளிலிருந்து வெளியேற்றப்படலாயினர். இதன் விளைவை மெல்பர்னுக்கு அருகிலிருந்த கொராண்டர்க் குடியிருப்பில் தெளிவாகக் காணலாம். 1863இல் அமைந்த அக்குடியிருப்பின் மக்கள் காடு திருத்திப் பயிர் செய்து, பீர் வடிப்பதற்கான ஹாப்ஸ் விளைவித்துப் பரிசும் பெற்றவர்கள். வில்லியம் பாராக் என்னும் தலைவரின் வழிகாட்டலில் அரசுக்கு மனுக்கள் எழுதித் தம் நிலத்தைக் காக்கப் போராடியவர்கள். புதிய சட்டம் அங்கிருந்த இளையோரை வெளியேற்றியதால் உழைக்கும் கைகள் குறைந்தன. கைகள் குறைந்தமையால் நிலம் கைவிட்டுப் போயிற்று. 1924இல் குடியிருப்பு மூடப்பட்டது. குருதிக் கணக்கு, நிலத்தைக் கைப்பற்றுவதற்கும் செலவைக் குறைப்பதற்கும் உரிய நிருவாகக் கருவியாகவும் பயன்பட்டது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

குவீன்ஸ்லாந்து 1897இலும், மேற்கு ஆஸ்திரேலியா 1905இலும், நியூ சவுத் வேல்ஸ் 1909இலும் இவ்வகைச் சட்டங்களை இயற்றின. சட்ட ஆய்வாளர் ஜான் மெக்கார்க்கொடேல், ஏறத்தாழ 700 சட்டங்களை ஆராய்ந்து, தொல்குடியினரைக் குறிக்கும் 67 வகையான வரையறைகள் அவற்றில் இடம்பெற்றுள்ளதைக் கண்டறிந்தார். ஒரே மனிதர் ஒரு மாநிலத்தில் தொல்குடியினராகவும் எல்லை கடந்தால் அல்லாதவராகவும் கருதப்படும் நிலை இதனால் உருவாயிற்று. 1901இல் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சி அரசியலமைப்பின் 127ஆம் பிரிவோ, மக்கள்தொகையைக் கணக்கிடும்போது தொல்குடியினரைச் சேர்க்கலாகாது என்று விதித்தது.

1937இல் கான்பெராவில் கூடிய கூட்டாட்சி, மாநில அதிகாரிகளின் மாநாடு, முழுக்குருதியினர் அல்லாத தொல்குடியினர் காலப்போக்கில் வெள்ளையரோடு கலந்து கரைந்துபோவதே உரியது என்று தீர்மானித்தது. மேற்கு ஆஸ்திரேலியாவில் தலைமைப் பாதுகாவலராகப் பல்லாண்டு பதவி வகித்த ஏ. ஓ. நெவில் இக்கொள்கையின் முதன்மை வாதியாக விளங்கினார். தலைமுறைதோறும் நிறம் வெளுத்து வருவதைக் காட்டும் மூன்று தலைமுறைப் புகைப்படத்தை 1947இல் வெளிவந்த தம் நூலில் அவர் சேர்த்திருந்தார். ஒரு குடும்பத்தின் பாட்டியும் மகளும் பேரனும் அங்கே ஒரு கொள்கையின் சான்றுப் பொருள்களாக்கப்பட்டனர்.

பிரிக்கப்பட்ட பிள்ளைகள், மறைக்கப்பட்ட வேர்கள்

கரைத்தல் கொள்கையின் கொடிய வடிவம், பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்தெடுத்ததாகும். நியூ சவுத் வேல்ஸில் 1915ஆம் ஆண்டுத் திருத்தம், நீதிமன்ற ஆணை இன்றியே பிள்ளைகளை எடுத்துச்செல்லும் அதிகாரத்தைப் பாதுகாப்பு வாரியத்திற்கு அளித்தது. வெளிர்நிறப் பிள்ளைகள் பெரிதும் குறிவைக்கப்பட்டனர். சிறுமியர் கூட்டமுந்திரா விடுதியில் வீட்டுவேலைக்குப் பயிற்றப்பட்டனர், சிறுவர் கின்செலா விடுதியில் அடைக்கப்பட்டனர். ‘களவாடப்பட்ட தலைமுறைகள்’ என வழங்கும் இவர்களைப் பற்றி ரொனால்ட் வில்சன், மிக் டாட்சன் ஆகியோர் தலைமையில் நடந்த தேசிய விசாரணை 1997இல் அளித்த அறிக்கை, 1910க்கும் 1970க்கும் இடையே மூன்றில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரையிலான தொல்குடிப் பிள்ளைகள் பிரிக்கப்பட்டனர் என்று மதிப்பிட்டது.

குடும்பத்தைத் துறந்தவருக்கு உரிமை என்னும் பேரத்தையும் சட்டம் முன்வைத்தது. மேற்கு ஆஸ்திரேலியாவின் 1944ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டப்படி, விண்ணப்பிப்பவர் தம் வழித்தோன்றல்களும் முதல்நிலை உறவினரும் நீங்கலாக ஏனைய தொல்குடியினரோடு இரண்டாண்டுக் காலம் தொடர்பற்று வாழ்ந்ததை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. தாயின் தங்கையும் தாயே என்று வாழ்ந்த மக்களிடம், பெரியதாயையும் சிற்றன்னையையும் அந்நியராக்கிவிட்டு வருமாறு அரசு கோரியது. தொல்குடியினர் மீதான சட்டங்களிலிருந்து விலக்களிக்க நியூ சவுத் வேல்ஸில் 1943 முதல் வழங்கப்பட்ட விலக்குச் சான்றிதழைத் தொல்குடி மக்கள் ‘நாய் உரிமம்’ என்றே இகழ்ந்தனர்.

பிள்ளைகளைப் பறிகொடுக்கும் அச்சம், பல குடும்பங்களைத் தம் வேர்களைத் தாமே மறைக்கச் செய்தது. மேற்கு ஆஸ்திரேலிய எழுத்தாளர் சாலி மோர்கன் 1987இல் வெளியிட்ட தன்வரலாற்று நூல், தம் குடும்பத்தார் தம்மை இந்திய வழியினர் என்று சொல்லியே வளர்த்ததையும், வளர்ந்த பின்னரே தாம் தொல்குடி மரபினர் என்று அறிந்ததையும் பதிவுசெய்கிறது. நிறத்திற்கு வேறொரு நாட்டைக் காரணம் காட்டியாவது பிள்ளைகளைக் காக்க முனைந்த தாய்மாரின் நிலையை இது உணர்த்துகிறது. இவ்வாறு மறைத்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று தம் மரபை மீட்கும்போது, இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை என்று வினவுவது, அவ்வச்சத்தை விதைத்த வரலாற்றை மறந்த வினாவாகும்.

டாஸ்மானியாவின் நிலை இன்னும் கடுமையானது. 1876இல் ட்ருகானினி என்னும் மூதாட்டி இறந்தபோது அத்தீவின் தொல்குடி இனமே அழிந்துவிட்டதாக அறிவிக்கப்பட்டது. அவருடைய எலும்புக்கூடு அருங்காட்சியகத்தில் பல்லாண்டுகள் காட்சிக்கு வைக்கப்பட்டு, இறந்து நூறாண்டு கழிந்து 1976இல்தான் எரியூட்டப்பட்டுக் கடலில் கரைக்கப்பட்டது. அதே காலத்தில் பாஸ் நீரிணைத் தீவுகளில் தொல்குடிப் பெண்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்துகொண்டிருந்தனர். உயிரோடிருந்த மக்கள், பின்னம் நிரம்பவில்லை என்னும் காரணத்தால் இல்லாதவர்கள் ஆக்கப்பட்டனர்.

புதிய வரையறையும் அதன் சிக்கலும்

1967 மே 27இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் 90 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் ஆதரித்ததால் 127ஆம் பிரிவு நீக்கப்பட்டது. அதன்பின் குருதிக் கணக்கு படிப்படியாகக் கைவிடப்பட, மூன்று கூறுகள் கொண்ட வரையறை கூட்டாட்சி நிருவாகத்தில் இடம்பெற்றது: தொல்குடி வழிவந்திருத்தல், தம்மைத் தொல்குடியினராக உணர்தல், தாம் சார்ந்த சமூகத்தால் அவ்வாறு ஏற்கப்படுதல். நில உரிமை குறித்த 1992ஆம் ஆண்டு மாபோ தீர்ப்பில் நீதிபதி பிரென்னன் இதையொத்த அளவுகோலைக் கையாண்டார். 2020இல், பாப்புவா நியூ கினியில் பிறந்த கமிலாரோய் மரபினர் ஒருவரும் நியூசிலாந்தில் பிறந்த குங்கரி மரபினர் ஒருவரும் தொடுத்த வழக்கில், இவ்வளவுகோலின்படி தொல்குடியினராகும் எவரையும் அரசியலமைப்பின் பொருளில் அயலாராகக் கருத இயலாது என்று உயர்நீதிமன்றம் நான்குக்கு மூன்று என்னும் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது.

இவ்வரையறை உறவை மீண்டும் மையத்தில் நிறுத்தியது. ஆயினும் சமூக ஏற்பு என்னும் மூன்றாம் கூறு, பிரித்தெடுக்கப்பட்டவர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் எட்டாததாக அமையக்கூடும். எந்தச் சமூகத்திலிருந்து அரசு அவர்களைப் பிரித்ததோ அதே சமூகத்தின் சான்றை அவர்கள் பெறவேண்டியிருக்கிறது. 1980இல் தொடங்கப்பட்ட லிங்க்-அப் அமைப்பு, இத்தகையோரின் குடும்பங்களைத் தேடி இணைக்கும் பணியை மேற்கொண்டது.

இன்றைய காழ்ப்பு

2016இல் 6,49,171ஆக இருந்த தொல்குடியினர், டோரஸ் நீரிணைத் தீவினர் ஆகியோரின் கணக்கெடுப்பு எண்ணிக்கை 2021இல் 8,12,728ஆக உயர்ந்தது. மறைத்தவர்கள் வெளிப்படையாகத் தம்மைப் பதிவுசெய்ய முன்வருவதும் இவ்வுயர்வின் காரணங்களுள் ஒன்று. ஆனால் வெளிர்நிறத்தோர் தம் மரபைக் கூறும்போது, சலுகைக்காக உரிமை கோருகிறார்கள் என்னும் ஐயம் எழுப்பப்படுகிறது. 2009இல் ஆண்ட்ரூ போல்ட் என்னும் இதழாளர் அவ்வாறு எழுதியதற்கு எதிராகத் தொடுக்கப்பட்ட வழக்கில், அவருடைய கட்டுரைகள் தகவற்பிழைகள் மலிந்தவை, இனப் பாகுபாட்டுச் சட்டத்தை மீறியவை என்று கூட்டாட்சி நீதிமன்றம் 2011இல் தீர்ப்பளித்தது. நிறம் வெளிப்படத் தெரிபவர்க்கும் அமைதி இல்லை. 2014இல் ‘ஆண்டின் சிறந்த ஆஸ்திரேலியர்’ எனப் போற்றப்பட்ட கால்பந்து வீரர் ஆடம் கூட்ஸ், ஆடுகளத்தில் இடைவிடாத கூச்சலுக்கு உள்ளாகி 2015இல் ஓய்வுபெற்றார். கறுத்தவரை இழிவுபடுத்துவதும் வெளுத்தவரை ஐயுறுவதும் ஒரே கணக்கின் இரு விடைகள்.

2008 பிப்ரவரி 13இல் பிரதமர் கெவின் ரட் களவாடப்பட்ட தலைமுறைகளிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். எனினும் 2021 கணக்கெடுப்பின்படி நாட்டு மக்களில் 3.2 விழுக்காட்டினரான தொல்குடியினரின் பிள்ளைகள், அரசுக் காப்பில் வளரும் பிள்ளைகளில் ஐந்தில் இரண்டு பங்கினராக இன்றும் உள்ளனர். நாடாளுமன்றத்திற்கு அறிவுரை கூறும் தொல்குடிக் குரல் ஒன்றை அரசியலமைப்பில் சேர்க்கும் முயற்சி, 2023 அக்டோபர் 14இல் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஆறு மாநிலங்களிலும் தோற்றது.

குருதிக் கணக்கு சட்டப் புத்தகங்களிலிருந்து பெருமளவு நீங்கிவிட்டது. பார்வையிலிருந்தும் பேச்சிலிருந்தும் அது இன்னும் நீங்கவில்லை. நிறத்தைக் கண்டு மரபை அளப்பது எந்த வடிவில் நிகழ்ந்தாலும், 1886ஆம் ஆண்டுச் சட்டம் செய்ததையே அது மீண்டும் செய்கிறது. ஒருவர் எந்தக் குடும்பத்தவர் என்பதைச் சொல்லும் உரிமை அக்குடும்பத்திற்கும் அதன் சுற்றத்திற்குமே உரியது. அவ்வுரிமையை முழுமையாகத் திருப்பியளிப்பதும், அரசால் அறுக்கப்பட்ட உறவுகளைத் தேடிச் சேர்க்கும் பணிக்குத் துணைநிற்பதும் ஆஸ்திரேலியச் சமூகம் இன்னும் செய்து முடிக்காத கடமைகளாகும்.